பாராட்டுப் பிரிவில் வரிசை எண் ஒன்று

ஒரு விண்ணப்பம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதில் அடியேனுக்கு உறுதியான கொள்கை உண்டு. நாற்பது ஆண்டுகளாக விடியற்காலையில் எழுந்து பக்திப் பாடல்களை ஓதி வருபவன் நான். அவற்றைப் பாடிய பெரியோர் இறைவன் முன் போய் நின்றவுடன் இன்னது வேண்டும் என்று கையை நீட்டிவிட மாட்டார்கள். முதலில் திருவடி, பிறகு திருமேனி, பிறகு அவன் ஆற்றிய அருஞ்செயல்கள், அவன் எழுந்தருளிய ஊரின் வளம், அவ்வூர்ச் சோலையில் மொய்க்கும் வண்டுகள் ஈறாக எல்லாவற்றையும் போற்றிவிட்டு, கடைசியில்தான் தயங்கித் தயங்கித் தம் குறையைச் சொல்வார்கள். கடவுளுக்கே இவ்வளவு என்றால் கவுன்சிலருக்கு எவ்வளவு வேண்டும்!

இக்கொள்கையைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு என் வீட்டு வாசலிலேயே அமைந்தது. வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே ஓடும் சாக்கடையின் மேல் கிடந்த சிமென்ட் சிலாப், ஒரு குப்பை லாரியின் பின்சக்கரத்தைத் தாங்கிய பின்னர் பொது வாழ்விலிருந்து ஓய்வு பெற்றது. மூன்றடி அகலப் பள்ளம். அடியேன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே எட்டில் தாண்டிவிடுவேன். முட்டியில் ஆபரேஷன் செய்துகொண்ட என் மனைவியால் முடியாது. அடுத்த தெருவில் அவளுடைய அக்கா படுத்த படுக்கையாக இருக்கிறார். நான்கு மாதங்களாக அக்காவும் தங்கையும் போனில்தான் அழுகிறார்கள், போனில்தான் சண்டை போடுகிறார்கள்.

ஒரு மரப்பலகையைக் குறுக்கே போட்டுப் பார்த்தேன். மறுநாளே நகராட்சி அலுவலகத்திலிருந்து மேற்பார்வையாளர் வந்து எடுத்துப் போய்விட்டார். சாக்கடை அலுவலகத்துக்குச் சொந்தம். அதன் மேலுள்ள காற்றும் அலுவலகத்துக்குச் சொந்தம். காற்றின் மீது பலகை போடுவது ஆக்கிரமிப்பு.

"மனு எழுதிப் போடுங்க," என்றாள் மனைவி. "சிலாப் உடைஞ்சு போச்சு, புதுசு போட்டுக் குடுங்க. அவ்வளவுதானே?"

"அது மனுவா? தந்தி."

"தந்தின்னா சீக்கிரம் போய்ச் சேரும்ல?"

நடை நயம் அறியாதவர்களோடு வாதிடுவது வீண். மூன்று நாள் முயன்று நான்கு பக்கங்களில் ஒரு விண்ணப்பத்தைக் கட்டி முடித்தேன். 'தங்கள் வாகனம் எங்கள் தெருமுனையைக் கடக்கையில் எழும் புழுதியும் எங்கள் சிரசுக்கு அணிகலன்' என்னும் வரியை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. சிலாப், முறைப்படி, கடைசி வரியில் இடம் பெற்றது.

அலுவலகத்தில் மனுப் பிரிவின் முன் நீண்ட வரிசை. என் முறை வந்தபோது குமாஸ்தா முதல் பக்கத்தைப் படித்தார், திருப்பினார், மீண்டும் திருப்பினார்.

"சார், இது மனு இல்லையே."

"மனுதான் ஐயா. கடைசி வரியைப் பாருங்கள்."

"பார்த்தேன். நாலு பக்கத்துல மூணே முக்கால் பக்கம் பாராட்டு, கால் பக்கம் கையெழுத்தும் முகவரியும். எது அதிகமோ அதை வச்சுத்தான் பிரிவு. மாடிக்குப் போங்க, பாராட்டுப் பிரிவு."

"அப்படி ஒரு பிரிவு உண்டா?"

"இருக்கு. அங்க இருக்கிறவர் பாவம், பேச்சுத் துணைக்குக் கூட ஆள் இல்ல."

மாடியில் இருந்த குமாஸ்தா என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். ஓர் அரசு ஊழியர் எனக்காக எழுந்து நிற்பதை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன்.

"உக்காருங்க ஐயா! இந்தப் பிரிவு தொடங்கிப் பதினோரு வருஷமாச்சு. முதல்ல வந்தவர் நீங்கதான்!"

தூசு தட்டிய பதிவேட்டில் வரிசை எண் ஒன்று என்று எழுதி, ரசீது கொடுத்தார். கீழே கொடுத்திருந்தால் அது நாலாயிரத்துச் சொச்சமாக இருந்திருக்கும். சிலாப்பைச் சற்று மறந்துவிட்டுத்தான் படியிறங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

நான்காம் நாள் கவுன்சிலரின் வலக்கை போன்றவர் வந்தார். மைக்செட் என்பது அவருடைய பட்டப்பெயர். ஒலிபெருக்கி தேவைப்படாத தொண்டை.

"ஐயா! அண்ணன் உங்க கடுதாசியைப் படிச்சுட்டு ரெண்டு வேளை சாப்பிடலை. ஞாயித்துக்கிழமை பாராட்டு விழா. உங்க வீட்டு வாசல்லயே!"

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "சிலாப்பு?"

"என்னம்மா நீங்க, சிலாப்புங்கிறீங்க! மேடையே போடுறோம்!"

"அந்தக் கடைசி வரி..." என்று இழுத்தேன்.

"பேனர்ல இடம் பத்தலை ஐயா. அண்ணனோட படம் பெருசு."

ஞாயிறு மாலை, எங்கள் வாசற்படியிலிருந்து தெருவின் பாதி வரை கெட்டியான பலகைகளால் மேடை எழுந்தது. சாக்கடை அடியில் எங்கோ அடக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. காற்றின் மீது பலகை போடுவது ஆக்கிரமிப்பு என்ற மேற்பார்வையாளரே நின்று ஆணி அடிக்க வைத்தார். பேனரில் என் வரிகள் ஓரடி உயர எழுத்துகளில் தொங்கின. கவுன்சிலர் அவற்றைப் படித்துக் கைக்குட்டையை எடுத்தார். அடியேனுக்கு ஒரு கேடயம் வழங்கப்பட்டது. பிறகு மைக்கைக் கையில் கொடுத்து, இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள்.

மனைவி வாசற்படியில் நின்று என்னையே பார்த்தாள். இரு கைகளையும் மூன்றடி விரித்துக் காட்டினாள். நான் தலையசைத்தேன். சிலாப் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது உண்மை.

ஆனால் எதிரே தெருவே திரண்டிருந்தது. மைக்கில் கேட்ட என் குரல் எனக்கே புதிதாகவும் கம்பீரமாகவும் இருந்தது. இருபது நிமிடம் பேசினேன். முடிவில் கவுன்சிலரே எழுந்து என் கையைப் பற்றிக்கொண்டார்.

"ஐயா, உங்களுக்கு ஏதாவது வேணுமா? கேளுங்க. எல்லாரும் இருக்காங்க, இப்பவே கேளுங்க."

கேட்டிருக்கலாம். ஒரே ஒரு சொல். ஆனால் அடியேன் திருவாய் மலர்ந்தது இது: "தங்களைப் பெற்ற எங்களுக்கு என்ன குறை ஐயா? இத்தெருவில் குறை என்று ஒன்றும் இல்லை!"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

கேடயத்தோடு திரும்பிப் பார்த்தேன். வாசற்படி காலியாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் மேடையைப் பிரித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அதன் பிறகு, சாக்கடையின் மறுகரையில் வந்து நின்றாள் என் மனைவி. நான் முழங்கிக்கொண்டிருந்தபோது நாற்காலிகளுக்குப் பின்னால் மேடை மேலேயே நடந்து போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

"மைக்கு உங்க கையிலதானே இருந்துச்சு?"

"இருந்தது."

"அவரே வாயை விட்டுக் கேட்டாரே?"

"கேட்டார்."

அவள் பள்ளத்தைப் பார்த்தாள், கேடயத்தைப் பார்த்தாள். "சரி. நான் அக்கா வீட்டுலயே இருந்துக்கிறேன். அடுத்த பாராட்டு விழா எப்பன்னு சொல்லி அனுப்புங்க. சோறு வடிக்கத் தெரியும்ல?"

தெரியாது என்று சொல்வதற்குள் போய்விட்டாள்.

மறுவாரம் வீடுதோறும் ஓர் அறிவிப்பு வந்தது. 'இத்தெருவில் குறைகள் எவையும் இல்லை என்று பொதுமக்கள் முன்னிலையில் அறிவிக்கப்பட்டு, பொதுமக்களால் கரவொலியுடன் ஏற்கப்பட்டமையால், நிலுவையிலுள்ள நாற்பத்தாறு மனுக்களும் மகிழ்ச்சியுடன் முடித்து வைக்கப்படுகின்றன.'

எதிர்வீட்டுத் தையல்காரர் தலைமையில் தெருவே என் வாசலுக்கு வந்தது, பள்ளத்தின் அந்தப் பக்கம் வரை.

"ஏன்யா, குழாயில மூணு மாசமா தண்ணி வரலைன்னு நான் போட்ட மனுவும் போச்சு! யாரைக் கேட்டு குறையில்லைன்னு சொன்னீங்க?"

"நான் சொன்னது தவறுதான். நீங்கள் ஏன் கைதட்டினீர்கள்?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எல்லாரும் தட்டினாங்க," என்றார் தையல்காரர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த மேடை நல்லா கெட்டியாத்தான் இருந்துச்சு. எங்க வாசல்லயும் சிலாப் இல்ல. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும். எங்க வாசல்ல விழா நடக்கிற மாதிரி ஒரு பாராட்டு எழுதித் தர முடியுமா?"

பின்னால் பதினேழு பேர் வரிசையில் நின்றார்கள்.

அவர்களுடையதை எழுதும் முன் என்னுடையதை முடித்துவிட எண்ணினேன். மனைவி சொன்னபடியே, அணி அலங்காரம் எதுவுமின்றி, 'சிலாப் உடைந்துவிட்டது. புதியது போட்டுத் தாருங்கள்' என்று ஒரே வரி எழுதினேன். படித்துப் பார்த்தேன். பெரியவர் முன் வெறுங்கையோடு போய் நிற்பது போல் இருந்தது. மரியாதைக்கு, தொடக்கத்தில் ஒரே ஓர் அடைமொழி மட்டும் சேர்த்தேன்.

இப்போது மூன்றாம் பக்கத்தில் இருக்கிறேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்த வாசனை வருகிறது.