பல் மருத்துவர்தான் கொலையாளி. என் மீசை அதற்குப் பிணை

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார இதழை அட்டையில் தொடங்கி அச்சக முகவரி வரை ஒரு வரி விடாமல் படிக்கும் வாசகன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் சுகமாக இருக்க வேண்டும். முக்கியமாக, ‘கழுத்தோரம் ஒரு சந்தேகம்’ என்ற மர்மத் தொடரை எழுதும் அம்மையாருக்கு, கடைசி அத்தியாயம் முடியும்வரை ஒரு தும்மல்கூட வரக்கூடாது. இங்கே நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. முறைக்காக எழுதிவிட்டேன். உண்மையில் சுகமில்லை, அதற்குத் தாங்கள்தான் பொறுப்பு.

நான் கடைசல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் கைவிட்டது. நான் படிப்பைக் கைவிடவில்லை. பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூட இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் குப்பையில் போடுவேன். பட்டறையில் ஓர் அளவு சொன்னால் பிறகு அதை மாற்ற மாட்டேன். இரும்புதான் மாறிக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட நான் இரண்டு வாரமாகத் தூக்கமின்றிப் புரண்டுகொண்டிருக்கிறேன் என்றால் விஷயம் சின்ன விஷயமாக இருக்க முடியாது.

எங்கள் தெரு முனையில் ஒரு சலூன் இருக்கிறது. நடத்துபவரைத் தம்பி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். தங்கள் இதழ் வெளிவரும் நாளில், முடி வெட்டத் தேவையில்லாதவர்களும் வெட்ட முடியே இல்லாதவர்களும் அங்கே வந்து பெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். தம்பி ஒரு கையில் இதழும் மறு கையில் கத்தரியுமாகத் தொடரை உரக்க வாசிப்பார். திகிலான இடம் வந்தால் கத்தரி நின்றுவிடும். ஒரு வாரம் நின்ற கத்தரி நின்றதுதான். நாற்காலியில் இருந்த வங்கி மேலாளர் பாதி வெட்டிய தலையோடு எழுந்து போய்விட்டார், அவருக்கும் தெரியவில்லை, தம்பிக்கும் தெரியவில்லை. தொடர் தொடங்கியதிலிருந்து தம்பியின் போக்கே மாறிவிட்டது. யாருக்காவது கழுத்தோரம் சவரம் செய்யும்போது, கத்தியை அங்கேயே நிறுத்திவிட்டு, “நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க?” என்று மெதுவாகக் கேட்கிறார். கத்தி கழுத்தில் இருக்கும்போது மனிதர்கள் எதை எதையோ சொல்லிவிடுகிறார்கள். இரண்டு வீடுகளில் இதனால் பேச்சுவார்த்தை இல்லை.

கதை தங்களுக்குத் தெரிந்ததுதான், என் வாதத்துக்காகத் திரும்பச் சொல்கிறேன். துணிக்கடை முதலாளி தன் தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி செத்துக் கிடக்கிறார். அவரோடு பகை உள்ளவர்கள் இரண்டு பேர், ஊர்ப் பல் மருத்துவரும் ரொட்டிக் கடை அம்மாளும். இன்ஸ்பெக்டர் மாரடைப்பு என்கிறார். முடி திருத்தும் நிலையம் நடத்துகிற கத்தரி அக்கா வந்து பிணத்தின் பிடரியை மட்டும் பார்த்துவிட்டு, “இவரு உக்காந்துக்கிட்டு சாகல சார். பின்முடி அழுந்திப் படிஞ்சிருக்கு. எங்கயோ சாஞ்சு படுத்திருந்தப்ப செத்து, அப்புறம் இங்க கொண்டாந்து உக்கார வெச்சிருக்காங்க” என்கிறாள். இதைக் கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. உட்கார வந்தவனைச் சாய்த்துப் படுக்க வைக்கும் தொழில் உலகத்தில் எது? பல் வைத்தியம்! பெஞ்சிலிருந்து எழுந்து நின்று சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள், ஒருவரைத் தவிர. அவர் என் சம்பந்தி.

சம்பந்தியைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன், அவர் மகள் எனக்கு மருமகள், தங்கமான பெண். அவருக்கு வழுக்கைத் தலை, மழித்த முகம். முடி என்று சொல்லிக்கொள்ள அவரிடம் புருவம் மட்டும்தான் உண்டு. இருந்தும் வாராவாரம் சலூனில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பார். அவர் சிரித்துக்கொண்டே, “கட்டில்ல படுத்தாலும் பின்முடி படியும் சம்பந்தி. கொலை பண்ணது ரொட்டிக் கடை அம்மா. உங்களுக்கு எப்பவோ ஒரு பல் டாக்டர் தப்பான பல்லைப் பிடுங்கிட்டாரு, அந்தக் கோவத்தை இங்க காட்டாதீங்க” என்றார். சலூன் முழுக்கச் சிரிப்பு. எனக்கு வந்ததே ஆத்திரம்.

“பல் டாக்டர் இல்லேன்னா நான் என் மீசையை எடுத்துடறேன்!”

கத்தரி நின்றது. கூரை மின்விசிறிகூட நின்ற மாதிரி இருந்தது.

“சரி, நீங்க தோத்தா?” என்று நான் விடாமல் கேட்டேன்.

சம்பந்தி மேலுதட்டைத் தடவிக்கொண்டு, “நான் தோத்தா மீசை வளக்கறேன்” என்றார். இதற்கும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐயா, என் மீசை தாங்கள் நினைப்பதுபோல் வெறும் முடி அல்ல. மீசை முளைப்பதற்கு முன்னால் எடுத்த படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் இருப்பவன் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறான். என்ன தப்புச் செய்தான் என்று எனக்கு நினைவில்லை, ஒன்றும் செய்யவில்லை, அவன் முகமே அப்படி. வாழ்நாளில் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. பட்டறையில் என்னைவிட ஒரு தலை உயரமான ஆட்களை ஒரு பார்வையில் உட்கார வைத்திருக்கிறேன். அந்தப் பார்வைக்குக் கீழே இந்த மீசை இருந்தது. இதை எடுத்துவிட்டால் கீழே இருந்து அந்தப் படத்துக்காரன் வெளியே வருவான். என் மனைவி அவனைப் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கு முன்பே நான் அவனை மூடிவிட்டேன்.

இந்த நிலையில் தங்கள் போன வார இதழ் வந்தது. கொலை நடந்த நேரத்தில் பல் மருத்துவர் இன்ஸ்பெக்டருக்கே பல் பிடுங்கிக்கொண்டிருந்தார் என்று அம்மையார் எழுதிவிட்டார். தம்பி அந்த வரியை வாசித்துவிட்டு இதழைத் தாழ்த்தி என் மீசையைப் பார்த்தார். பெஞ்சே பார்த்தது. சம்பந்தி மட்டும் மரியாதையாகக் கூரையைப் பார்த்தார், அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

நான் விடுகிற ஆள் இல்லை. இன்ஸ்பெக்டருக்கு மரப்பு ஊசி போட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்க் கொலை செய்துவிட்டு வர முடியாதா? இதைச் சோதிக்க நானே எங்கள் பேட்டைப் பல் மருத்துவரிடம் போனேன். எனக்குப் பல்வலி எதுவும் இல்லை. இல்லாத வலியை இருப்பதாகச் சொல்லி நாற்காலியில் சாய்ந்தேன். அவர் ஊசி போட்டார், போட்டுவிட்டு எழுந்து பக்கத்து அறைக்குப் போனார்! அங்கே இன்னொரு சாய்வு நாற்காலி இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன். திரும்பி வந்ததும், “எங்க போயிட்டு வந்தீங்க?” என்று கேட்டேன். ஆனால் நாக்கும் உதடும் மரத்துப் போனதால் அது கேள்வியாக வெளியே வரவில்லை, முனகலாக வந்தது. “பயப்படாதீங்க பெரியவரே, இதோ ஆயிடுச்சு” என்று ஒரு நல்ல பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டார். போனால் போகிறது, சாட்சி கிடைத்தது.

அந்தச் சாட்சியோடு நேரே சலூனுக்குப் போனேன். கிருதாவை ஒதுக்கச் சொல்லி உட்கார்ந்தேன். தம்பி, “ஐயா, கையில கத்தி இருக்கு, பேசுங்க, ஆனா தலையை ஆட்டாதீங்க” என்றார். நான் ஆட்டவில்லை. பக்கத்து அறை எந்தத் திசையில் இருந்தது என்று காட்டினேன், அவ்வளவுதான். காதோரம் பஞ்சு வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தால், வாயிலும் பஞ்சு, காதிலும் பஞ்சு. மனைவி பார்த்துவிட்டு, “யாரோட சண்டை?” என்றாள். சொன்னேன். “அந்த ரொட்டிக் கடைக்காரிதான் பண்ணியிருப்பா. எனக்கு மொத வாரமே தெரியும்” என்றாள். என் வீட்டிலேயே எனக்கு ஆதரவு இல்லை ஐயா. மருமகளைக் கேட்டேன். அவள் பாவம், ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் மாமனார். “விடுங்க மாமா, கதைதானே” என்றாள். கதைதான். மீசை நிஜம்.

ஆகவே நான் தங்களிடம் கேட்டுக்கொள்வது, இல்லை, வற்புறுத்துவது என்னவென்றால், கடைசி அத்தியாயத்தில் கொலையாளி பல் மருத்துவராகவே இருக்க வேண்டும். பக்கத்து அறையில் இன்னொரு சாய்வு நாற்காலி என்று அம்மையார் ஒரு வரி சேர்த்தால் போதும், பாக்கியைக் கத்தரி அக்கா பார்த்துக்கொள்வாள். ரொட்டிக் கடை அம்மாள் விடிவதற்கு முன் எழுந்து மாவு பிசைகிறவள், அவளுக்குக் கொலை செய்ய ஏது நேரம்? சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இருவரும் சேர்ந்து செய்தார்கள் என்று எழுதினால் நான் ஏற்க மாட்டேன், பாதி மீசையை எடுக்க முடியாது.

தங்கள் பேனாவும் அச்சு இயந்திரமும் தடையின்றி ஓடட்டும். அம்மையாருக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத,
ஓய்வு பெற்ற கடைசல்காரன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இதை எழுதுகிறேன். மேலே கண்டவற்றைத் தயவுசெய்து மறந்துவிடவும். கடிதம் எழுதிய தெம்பில், மீசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு வரலாம் என்று சலூனுக்குப் போனேன். தம்பி கத்தியை மேலுதட்டில் வைத்துக்கொண்டு, “ஐயா, தலையை ஆட்டாதீங்க. நானும் யோசிச்சுப் பாத்தேன், பல் டாக்டரா இருக்காதுன்னு தோணுது” என்றார். சட்டென்று திரும்பினேன். வலப்பக்கம் முழுதாகப் போய்விட்டது. இடப்பக்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதையும் எடுக்கச் சொன்னேன். பெஞ்சிலிருந்து சம்பந்தி பதறி எழுந்தார். பளிச்சென்று எனக்கு ஒரு வார்த்தை வந்தது: “வாக்குன்னா வாக்கு சம்பந்தி. தோப்பேன்னு தெரிஞ்சப்புறம் அடுத்த வாரம் வரைக்கும் எதுக்கு இழுக்கணும்?” அவர் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்கள மாதிரி மனுஷன் உண்டா!” என்றார். தெருவே பாராட்டுகிறது. இப்போது தாங்கள் பல் மருத்துவரைக் கொலையாளி ஆக்கினால், ஜெயித்தும் மீசையைக் கொடுத்த மடையன் என்று அதே தெரு சிரிக்கும். பல் மருத்துவர்கள் உத்தமர்கள். எங்கள் பேட்டை மருத்துவர் அன்று பக்கத்து அறைக்குப் போனது கை கழுவத்தான், நன்றாக யோசித்துவிட்டேன். ரொட்டிக் கடை அம்மாளைப் பிடித்து உள்ளே போடுங்கள், அவள் முழி சரியில்லை. வீட்டில் மனைவி என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள், பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டா இத்தனை வருஷமா என்னை அதட்டிக்கிட்டு இருந்தீங்க?” என்றாள். அதிலிருந்து நான் எது சொன்னாலும் முதலில் என் மேலுதட்டைப் பார்க்கிறாள், பிறகு தன் வேலையைப் பார்க்கிறாள். ஒருவேளை பல் மருத்துவரை ஏற்கெனவே அச்சேற்றிவிட்டீர்கள் என்றால், அந்தப் பக்கத்தை நிறுத்திவைத்து, என் மீசை மீண்டும் வளரும்வரை தொடரை நீட்டுங்கள். நடுவே இன்னும் இரண்டு பிணம் விழுந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.