பூபதி கேட்ட பூ வாக்கு

யமுனாவுக்கு விசா கிடைக்காது என்ற அசைக்க முடியாத நம்பிக்கையில்தான் பூபதி தம் மகளின் வெளிநாட்டுப் படிப்புக்கு முழு ஆதரவு தந்திருந்தார்.

தந்த ஆதரவும் சாதாரணமானதன்று. பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் மண்ணியல் மேற்படிப்புக்கு உதவித்தொகையோடு இடம் தந்த அன்று, கொல்லிமலையில் அவர்களுடைய அரியூர் நாட்டு ஊர்களில் அவர் லட்டு கொடுக்காத வீடு இல்லை. பின்லாந்து எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு டீக்கடை மேசையில் தண்ணீரைத் தொட்டுப் படம் போட்டுக் காட்டினார். அந்தப் படத்தில் கொல்லிமலையும் பின்லாந்தும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. நாமக்கல்லுக்குப் போய்ச் சக்கரம் வைத்த பெட்டி ஒன்றும் காதை மூடும் குல்லா ஒன்றும் வாங்கி வந்தார். முடியாது என்று சொல்லும் கெட்ட பெயரைத் தூதரகத்து அதிகாரி சுமந்துகொள்வார். போய் வா என்று சொன்ன நல்ல பெயர் தமக்கு நிற்கும் என்பது அவருடைய ஏற்பாடு.

அந்த அதிகாரி பூபதியைக் கைவிட்டார். ஆடி மாதத்து முற்பகல் ஒன்றில், கைப்பேசிக்கு டவர் கிடைக்கும் மேட்டிலிருந்து யமுனா ஓடி வந்து விசா வந்துவிட்டதென்று சொன்னாள். மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த பூபதி, தம் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டிவிட்டார்.

ஒரே மகள். கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தபோது, மாதம் ஒருமுறையாவது பஸ் ஏறி வந்துவிடுவாள். பின்லாந்திலிருந்து சேந்தமங்கலம் வழியாக அப்படியொரு பஸ் கிடையாது. உன்னைப் பிரிந்து இருக்க முடியாது கண்ணு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஊர் முழுவதும் லட்டு கொடுத்த மனிதர் அதை எப்படிச் சொல்வார்? ஆகவே, தாம் தடுத்ததாகத் தெரியாமல் தடுக்கும் வழிகளைத் தேடலானார்.

முதலில் தட்பவெப்பத்தைத் துணைக்கு அழைத்தார். மரவள்ளிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்த மனைவியின் பக்கத்தில் போய், ஒன்றுமறியாதவர் போல் உட்கார்ந்தார்.

"ஏம் புள்ள, அந்த ஊருல மார்கழி தையில சூரியனே தலை காட்டாதாமே. தொவைச்ச துணி எப்புடிக் காயும்?"

பானுமதி தலை நிமிரவில்லை. "இங்க மட்டும் மார்கழியில காயுதுங்களா? உங்க வேட்டிய அடுப்பு மேட்டுல போட்டுத்தான நா காய வெக்கறேன்?"

தட்பவெப்பம் தோற்றபின் எடை. விமானத்தில் பெட்டி இருபத்து மூன்று கிலோவைத் தாண்டக் கூடாது என்று தெரிந்ததும், பூபதியின் தந்தைப் பாசம் கரை புரண்டது. தேன் பாட்டில்கள், ராகி மாவு, மரவள்ளி வற்றல், ஒரு படி மிளகு, அதை நுணுக்குவதற்குக் குழவியோடு கூடிய சிறிய கல்லுரல் என்று ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் குடியேறின. மிளகு மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசைப் பலாமரத்தில் கட்டி யமுனா பெட்டியை மாட்டியபோது, மரக்கிளையே ஒரு முறை குனிந்து பார்த்தது. யமுனா தலையில் கை வைத்துக்கொண்டாள். பானுமதி பெட்டியைத் திறந்து, வேண்டியதை வைத்து வேண்டாததை எடுத்தாள். கல்லுரலை மட்டும் கொண்டுபோய்க் கணவரின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மனிதர்களால் ஆகாது என்று கண்ட பூபதி, தெய்வத்திடம் போனார்.

பெண் கொடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் மாரியம்மனிடம் பூ வாக்குக் கேட்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஒரே மாதிரி இலையில் இரண்டு பொட்டலங்கள் கட்டுவார்கள். ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்புப் பூ. கேள்வியைச் சொல்லிவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஆத்தாள் சரி என்கிறாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். மேல்முறையீடு கிடையாது.

கடல் கடந்து அனுப்புகிற காரியமாயிற்றே, ஆத்தாளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று பூபதி இழுத்தபோது, பானுமதி உடனே ஒப்புக்கொண்டாள். "கேட்டுப்போடலாமுங்க. பொட்டலத்த நீங்களே கட்டிருங்க. உங்க கைராசி நல்லது" என்றாள். இத்தனை வருட இல்லறத்தில் அவர் சொன்ன யோசனை எதையும் முதல் தடவையிலேயே அவள் ஏற்றதில்லை. அந்த இடத்தில் அவர் சற்று யோசித்திருக்கலாம். மகிழ்ச்சியில் யோசிக்கவில்லை.

யமுனாதான் வாடிப்போனாள். சிவப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்று தாயிடம் கேட்டாள். வந்தால் வந்ததுதான் கண்ணு என்று தாய் சொன்னதும், பாதி மடித்த கம்பளிச் சட்டையை அப்படியே பெட்டியின் மேல் போட்டுவிட்டு வெளியே போய் நின்றாள். அதைப் பார்த்த பூபதிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆயினும், பின்லாந்துக்குப் போனால் இப்படி வாசலில் வந்து நிற்பதைக்கூடப் பார்க்க முடியாதே என்று எண்ணி, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கொல்லைப்புறம் போனார். செவ்வரளியைப் பறித்தார். மேலும் செவ்வரளியைப் பறித்தார். இரண்டு பொட்டலத்திலும் அதையே வைத்து வாழைநாரால் கட்டினார். ஆத்தாளின் வாக்கைத் தாம் மாற்றவில்லை. தேர்ந்தெடுக்கும் சிரமத்தை மட்டும் அவளுக்குக் குறைத்திருக்கிறோம் என்று தமக்குத்தாமே விளக்கம் சொல்லிக்கொண்டார்.

கோயிலில் குப்புசாமிப் பூசாரி தயாராக இருந்தார். பக்தி மிகுந்தவர். அவர் காதில் காலையில் விழுந்த செய்தி, மதியத்துக்குள் மலையிறங்கிக் காளப்பநாயக்கன்பட்டிக்குப் போய்விடும். பொட்டலங்களைத் தட்டில் வைத்து அம்மன் காலடியில் வைத்தார். யார் எடுப்பது என்று கேட்டதற்கு, பெற்ற அப்பனே எடுக்கட்டும் என்றாள் பானுமதி. பூபதிக்கு அதில் ஆட்சேபம் இல்லை. எந்தக் கை எடுத்தாலும் ஒன்றுதான்.

"பெத்தவ நானு, கேள்விய நா கேட்டுக்கறேனுங்க" என்று பானுமதி கைகூப்பினாள். பூபதி நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"தாயே, எம் மவ இந்த மலையிலயே, எங்க கண்ணு முன்னாலயே இருந்துக்கட்டுமா? இருக்கட்டுமுன்னா வெள்ளப் பூவக் குடு. வேண்டாம், போயிப் படிச்சிட்டு வரட்டுமுன்னாச் செவப்பக் குடு."

பூபதியின் கண்கள் தாமாகத் திறந்தன.

"அதென்ன புள்ள, கேள்விய இப்புடித் திருப்பிக் கேக்கற? போலாமான்னு நேராக் கேளு. ஆத்தாளுக்குக் கொழப்பமாயிருமில்ல?"

பூசாரி முகம் சுளித்தார். "ஏம்ப்பா பூபதி, ஊரைக் காக்கறவளுக்கு உம் பொண்டாட்டி கேக்கறது புரியாதா? பேசாம எடு."

பூபதி தட்டைப் பார்த்தார். இரண்டு பொட்டலத்துக்கும் நடுவே அவர் கை அலைந்தது. இரண்டிலும் ஒன்றே இருப்பதை அறிந்த ஒரே மனிதர், எதை எடுப்பதென்று அவ்வளவு நேரம் தடுமாறியது பூசாரிக்கு மகள் பாசமாகத் தோன்றியது. உண்மையில் பூபதி அப்போதுதான், அந்த வாரத்தில் முதன்முறையாக, மனமாரச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார். தாயே, ஒன்றையாவது வெளுக்கப் பண்ணு என்பதே வேண்டுதல். ஆத்தாள் அதில் தலையிடவில்லை.

பிரித்தார். செவ்வரளி பளபளவென்று சிரித்தது.

ஆத்தாளே போய்வரச் சொல்லிவிட்டாள் என்று பூசாரி உரக்க அறிவித்தார். யமுனா கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் காலில் விழுந்தாள். தட்டில் மிஞ்சியிருந்த பொட்டலத்தைப் பானுமதி எடுத்துக் கண்ணில் ஒற்றி, முந்தானையில் செருகிக்கொண்டாள்.

மூழ்குகிறவருக்குக் கடைசியாக ஒரு மூச்சு மிச்சம் இருந்தது. பூபதி பூசாரியிடம் திரும்பினார். ஆத்தாள் சொன்னால் மறுப்பில்லை. ஆனால் வீட்டில் ஆடு மாடு, அடுப்பு, பாத்திரம் எல்லாவற்றையும் இவள் ஒருத்தியாக எப்படிச் சமாளிப்பாள், உதவிக்கு ஓர் ஆள் பார்த்துவிட்டு அடுத்த வருடம் அனுப்பினால் என்ன என்று நியாயம் கேட்டார். மனைவிமேல் அவருக்கு இவ்வளவு கரிசனம் என்பது பானுமதிக்கே புதிய செய்தி. பூசாரி தாடியைத் தடவி, அதுவும் சரியான பேச்சுதான் என்றார். எழுந்து நின்ற யமுனாவின் முகம் மறுபடியும் சுருங்கிற்று.

பானுமதி முந்தானையிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள்.

"ஏனுங்க, இதுவும் ஆத்தா காலடியில இருந்த பொட்டலந்தான? பூசாரி முன்னாலயே பிரிச்சுப் பாத்துப்போடலாமுங்களா?" என்று நாரின் முடிச்சில் நகத்தை வைத்தாள்.

"பிரிக்காத புள்ள" என்றார் பூபதி. "சாமி காரியம். ஒரு வாட்டி பிரிச்சாப் போதும்."

"செரிங்க. அப்ப ஊட்டு வேலை?"

"நா பாக்கறேன்."

"எந்த வேலைங்க?"

"யமுனா பாத்த வேலை பூராவும்."

"பாத்திரங் கழுவறதுமுங்களா?"

பூபதி முடிச்சின் மேலிருந்த நகத்தைப் பார்த்தார். "அதுந்தான்."

"யமுனா எப்பப் போறாளுங்க?"

"டிக்கெட்டுல போட்ட தேதியில."

"பூசாரி, கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் பானுமதி. பூசாரி கேட்டுக்கொண்டார். மதியத்துக்குள் காளப்பநாயக்கன்பட்டியும் கேட்டுக்கொண்டது.

மாலையில் யமுனா பாட்டுப் பாடியபடி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். பானுமதி ஆடு கட்டப் போயிருந்தாள். பொட்டலம் சாமி மாடத்தில், விளக்குக்குப் பக்கத்தில் பிரிக்கப்படாமல் இருந்தது. அது அங்கே இருக்கும்வரை தமக்கு விடுதலையில்லை என்பது பூபதிக்கு விளங்கியிருந்தது. கொல்லையில் ஒரு நந்தியாவட்டையைப் பறித்து உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு வந்தார். சிவப்பை எடுத்துவிட்டு வெள்ளையை வைத்துக் கட்டிவிட்டால், ஊரையே கூட்டிப் பிரித்தாலும் கவலையில்லை.

நாரை அவிழ்த்தார். உள்ளே, வாடாத நந்தியாவட்டை ஒரு கொத்து இருந்தது.

"அத அப்பவே மாத்தியாச்சுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பானுமதி கையில் ஆட்டுக் கயிற்றோடு நின்றாள். "காத்தால பாத்தேன். அரளிச்செடி மொட்டையா நிக்குது, நந்தியாவட்டையில ஒரு பூக் கொறையல. என்ன பண்ணியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? நானும் ஒரு வெள்ளப் பொட்டலங் கட்டி இடுப்புல சொருகிட்டுத்தான் கோயிலுக்கு வந்தேன். பூசாரி இன்னொண்ணையும் பிரிக்கச் சொன்னா உங்க மானம் போயிருமில்லீங்க?"

பானுமதியின் குரல் சற்றுத் தணிந்தது.

"அவளப் பிரியறது எனக்கு மட்டும் இனிக்குதுங்களா? வாயத் தொறந்து சொல்லியிருந்தீங்கன்னா, ரெண்டு பேருமா உக்காந்து ஒரு பாட்டம் அழுதுட்டாவது அனுப்பியிருக்கலாம்."

பூபதி கையிலிருந்த பூவை விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு மெதுவாக, உலகத்தில் இனிக் கேட்க ஒன்றே ஒன்று மிச்சம் இருப்பவரைப் போலக் கேட்டார்.

"அப்ப, கோயில்ல நீ முந்தானையில இருந்து எடுத்த பொட்டலம்..."

"வெள்ளதானுங்க. பிரின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, பூசாரியும் உங்க பேச்சுப்படி அடுத்த வருசம் அனுப்பலாமுன்னுருப்பாரு" என்று கயிற்றை ஆணியில் மாட்டினாள் பானுமதி. "போயிச் சோத்துச் சட்டியத் தேயுங்க. இந்நேரம் நல்லா ஊறியிருக்கும்."