மூணாவது வரிசை, ஏழாவது இடம்

இன்றைக்கு உலகத்தில் உள்ள கணிப்பொறிகள் எல்லாம் நினைவகத்தை எந்த முறையில் பங்கிடுகின்றனவோ, அந்த முறையைக் கண்டுபிடித்தவர் திருப்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தவர். இதை நான் மூன்று பேராசிரியர்களிடம் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாமவர் என் ரத்த அழுத்தத்தைப் பற்றி விசாரித்தார்.

அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. ஊர் வைத்த பெயர் ஒரேசைஸ். முப்பத்திரண்டு, முப்பத்துநாலு, முப்பத்தாறு என்று பனியன் அளவுகளை வைத்தே சோறு தின்ற ஊரில், "எங்கிட்ட ஒரே சைஸ்தானுங்க" என்று சொல்லிப் பிழைத்த ஒரே மனிதர்.

அறுபதுகளின் கடைசி அது. கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு நான் ஒரு பனியன் கம்பெனியில் எழுத்தராக இருந்தேன். எதையும் எண்ணாமல் இருக்க முடியாத வியாதி எனக்கு அப்போதே உண்டு. வீட்டிலிருந்து ஸ்டாண்டுக்கு சைக்கிளில் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மிதி. அங்கிருந்து கம்பெனிக்கு நடையாக நானூற்று ஆறு அடி. காலில் செருப்பு கடித்தால் நானூற்றுப் பதினொன்று.

பிறகு பெங்களூர் போய்க் கணிப்பொறிகளுக்குக் கர்னல் எழுதும் வேலையில் சேர்ந்தேன். கர்னல் என்பது கணிப்பொறிக்குள் மற்ற எல்லா வேலைகளையும் மேய்க்கிற மூல நிரல். அதற்கு ஓயாமல் சின்னச் சின்ன இடங்கள் வேண்டும். திறந்திருக்கும் கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், ஓடிக்கொண்டிருக்கும் வேலை ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். ஒவ்வொரு வகையும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவு. கேட்கும்போதெல்லாம் புதிதாக அளந்து வெட்டிக் கொடுத்தால் நேரமும் வீண், நினைவகமும் எலி கடித்த துணி மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிடும். அதனால் ஒரே அளவுக் கட்டங்களை வரிசையாக முன்கூட்டியே போட்டு வைத்துக்கொண்டு, கேட்டவருக்கு ஒன்று கொடுப்பார்கள். திரும்பி வந்தால் கலைக்காமல் அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். இதை முதல்முறை விளக்கப்படத்தோடு பார்த்த அன்று, "இது நம்ம ஒரேசைஸ் அண்ணன் ஸ்டாண்டு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஸ்டாண்டு இருந்தது ஒரு சலவைப் பட்டறை முதலாளியின் காலி மனையில். ஐந்து வரிசை, வரிசைக்கு இருபது இடம். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு, முன்சக்கரத்துக்கு அடை கொடுக்க ஒரு கல். வாசலில் ஒரு பலகை, அதில் வரிசைக்கு ஓர் ஆணி. ஆணியில் பித்தளை டோக்கன்கள் கோத்திருக்கும். யார் சைக்கிளை எடுத்துக்கொண்டு டோக்கனைத் திருப்பிக் கொடுத்தாலும் அது ஆணியில் மேலே போய் உட்காரும். அடுத்து வருகிறவருக்கு அதே டோக்கன்தான்.

நிழலான இடம் கேட்டு ஒரு தறிக்காரர் தினமும் சண்டை போடுவார்.

"ஏனுங்ணா, அந்த வேப்பமரத்தடி எடம் சும்மாதான கெடக்குது?"

"மேல இருக்கற டோக்கன்தானுங்க வரும். அடியில இருக்கறத உருவோணும்னா மேல இருக்கறத எல்லாம் எறக்கோணும். உங்க ஒருத்தருக்கு நெழலு, பின்னால நிக்கற பத்துப் பேருக்கு வெயிலு."

அவர் சொன்னது சரி. நான் எண்ணிப் பார்த்தேன். பின்னால் நின்றது ஒன்பது பேர்.

இரண்டாவது சட்டம்: திறந்த வரிசை நிரம்பாமல் அடுத்த வரிசையைத் திறக்க மாட்டார். பின்னால் மூன்று வரிசை வெறிச்சென்று கிடக்கும். முன்னால் நாங்கள் ஹேண்டில் ஹேண்டிலோடு மாட்டி, ஒருவர் வேட்டியில் இன்னொருவர் பெடல் சிக்கி அவதிப்படுவோம். கேட்டால் காரணம் சொல்லுவார். முழுக்கக் காலியான வரிசை முதலாளிக்குச் சொந்தம், அவர் துணி காயப்போடக் கேட்டால் அப்போதே கொடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். வரிசைக்கு இரண்டு சைக்கிள் என்று தூவி வைத்தால் ஒரு வரிசையும் திரும்பக் கொடுக்க முடியாது.

மூன்றாவதுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த சட்டம். பால்காரர் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு வந்தார். ஒன்றரை இடம் அடைக்கும் என்று ஒரேசைஸ் திருப்பி அனுப்பினார். சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தபோது ஒருவர் ஒற்றைச் சக்கர சைக்கிளோடு வந்தார். அதற்கு முழு இடம்.

"பாதி எடம் காலியா இருக்குதேங்ணா, என்ற கொடைய அங்க வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"அது அவரு எடமுங்க கண்ணு. அவரு வெச்சாலும் அவருது, வெக்காட்டியும் அவருது."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போன ஒரு டெய்லர், சோற்றுத் தூக்குப்போசியை மட்டும் அந்த இடத்துக் கல்லின் மேலேயே வைத்துவிட்டு, மதியம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று போய்விட்டார். அதற்குள் அந்த டோக்கன் வேறொருவர் கைக்குப் போயிற்று. வந்தவர் கடவுள் கொடுத்த தயிர்ச்சோறு என்று நினைத்துத் தின்றுவிட்டார். மதியம் டெய்லர் வந்து ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"அது என்ற எடமுங்க."

"டோக்கன எங்கிட்டக் குடுத்தப்பவே அது உங்க எடமில்லீங்க. திருப்பிக் குடுத்த எடத்துல சோத்த வெச்சா அடுத்தவன் வகுத்துக்குத்தான் போகும்."

கர்னல் எழுதுகிறவர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள். திருப்பிக் கொடுத்த இடத்தில் மறுபடி கை வைக்கிற நிரல் ஒன்றைக் கண்டுபிடிக்க நான் ஒருமுறை பத்தொன்பது நாள் அலைந்திருக்கிறேன். அங்கே தயிர்ச்சோறும் கிடைக்காது.

இனி, நான் செய்த வேலைக்கு வருகிறேன்.

ஐப்பசி மழை வருவதற்குள் காய வைத்துக் கொடுக்க வேண்டிய துணி முதலாளியிடம் மலை மாதிரி வந்து சேர்ந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருக்கிற மூன்று, நான்கு, ஐந்து வரிசைகளைக் கேட்டார். நான்கும் ஐந்தும் காலி. மூன்றில் மட்டும் சிக்கல். சந்தை நாள் கூட்டத்தில் அந்த வரிசையைத் திறந்தபோது கணியூர்க்காரர் ஒருவர், பனியன் மிஷின் பிட்டர், ஏழாவது இடத்தில் சைக்கிளை விட்டுவிட்டு பஸ் ஏறியவர் திரும்பவே இல்லை. ஒரேசைஸ் மூன்றாவது வரிசையின் மற்ற டோக்கன்களை ஆணியிலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். புதிதாக யாருக்கும் அங்கே இடமில்லை. "வரிசை காலியானதும் குடுத்தர்றனுங்க" என்று முதலாளிக்குச் சொல்லி அனுப்பினார். முதலாளியும் வரிசை நிறைய சைக்கிள் இருக்கிறது போலும் என்று பொறுத்திருந்தார்.

ஒரு காலையில் அவர் வாசல் வழியாகப் போனபோது, "இன்னும் எத்தன சைக்கிள்தான் இருக்குது?" என்று பொதுவாகக் கேட்டார்.

என் வாய்க்குப் பூட்டு இல்லை. "ஒண்ணே ஒண்ணுங்க. பத்தொம்பது எடம் காலி. ஒம்பது நாளா."

முதலாளி நின்றார். ஒரேசைஸ் என்னைப் பார்த்த பார்வையை நான் எண்ணவில்லை.

"ஒரு சைக்கிளுக்காவாப்பா என்ற துணி நனையோணும்? தூக்கி மொத வரிசையில வெய்யி."

"முடியாதுங்க. அவரு கையில மூணு-ஏழுன்னு இருக்குது. வந்து பாத்து இல்லீன்னா அவரு என்ன நெனைப்பாரு?"

"நீதான் வாசல்லயே குத்தவெச்சிருக்கறயே, சொல்லு."

"நான் சித்த அக்கட்ட போன நேரம் வந்துட்டாருன்னா?"

ஒன்பது வருஷத்தில் அவர் வாசலைவிட்டு அக்கட்ட போய் யாரும் பார்த்ததில்லை.

"வெள்ளிக்கெழம காத்தால வரிசை என்ற கைக்கு வரோணும். இல்லீன்னா இந்த ஸ்டாண்டே வேண்டாம், பொட்டியக் கட்டிக்க" என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

இந்த வினை வந்தது என்னால். அன்று கம்பெனியில் ஒரு டஜனுக்குப் பதிமூன்று பனியன் எழுதினேன். புதன்கிழமை காலையில் ஒரேசைஸ் ஒரு மஞ்சள் பையோடு நின்றார்.

"கணியூருக்குப் போயி அந்தப் பிட்டரக் கையோட கூட்டியாந்தர்றேன். ரண்டு நாளு ஸ்டாண்டப் பாத்துக்கறீங்களா கண்ணு?"

"பாத்துக்கறனுங்ணா."

"சைக்கிள மட்டும் நவுத்தீறாதீங்க."

கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். புதன்கிழமை ஒழுங்காகப் போயிற்று. வியாழக்கிழமை காலையில் மேற்கே மேகம் கட்டியது. ஏழு மேகம். கணியூரில் பிட்டர் கிடைக்காவிட்டால்? நாளை வெள்ளி. ஸ்டாண்டு போய்விட்டால் இந்த மனிதர் வேறு என்ன வேலை செய்வார்? எந்த வேலையில் எல்லாம் ஒரே அளவாக இருக்கிறது? எழுந்து போய், பூட்டியிருந்த அந்த சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கி உருட்டிக்கொண்டு வந்து, முதல் வரிசையில் வாசலை ஒட்டிய முதல் இடத்தில் வைத்தேன். நாற்பத்தெட்டு அடி. ஓடிப்போய் முதலாளியிடம் வரிசை காலி என்று சொன்னேன். ஒரு மணி நேரத்தில் கம்பம் நட்டு, கயிறு கட்டி, பால் மாதிரி வெளுத்த பனியன் துணியை வரிசை முழுக்கத் தொங்கவிட்டார்கள்.

பதினொரு மணிக்கு நிம்மதியாக டீ குடிக்கப் போனேன். பன்னிரண்டு நிமிஷம்.

அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில்தான் பிட்டர் வந்து சேர்ந்தார். தாராபுரத்தில் அவர் மாமனார் இறந்து, கருமாதி முடித்து, அன்று காலை பஸ்ஸில் நேராகத் திருப்பூர் வந்திருக்கிறார். வாசலில் ஆள் இல்லை. டோக்கனைப் பார்த்தார். மூணு-ஏழு. தன் சைக்கிளைத் தாண்டித்தான் உள்ளே போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டோக்கன் வைத்திருக்கிற மனிதன் டோக்கன் சொன்ன இடத்துக்குத்தான் போவான். அங்கே போனால் சைக்கிள் இல்லை, துணி. அந்த கேரியரில்தான் அவருடைய ஸ்பேனர் பெட்டி கட்டியிருந்தது. அது போனால் பிழைப்புப் போயிற்று. ஒருவேளை துணிக்குப் பின்னால் இருக்குமோ என்று ஒரு துணியை விலக்கினார். அதற்குப் பின்னால் இன்னொரு துணி. அதற்குப் பின்னால் இன்னொன்று.

நான் வந்தபோது இரண்டு கம்பம் சாய்ந்து, கயிறு அறுந்து, பதினாறு துணி சேற்றில் கிடந்தது. நடுவில், இன்னும் வெட்டித் தைக்காத, குழாய் மாதிரி இருக்கிற பனியன் துணி ஒன்றுக்குள் தலையைவிட்டு வெளியே வர வழி தெரியாமல் ஓர் உருவம், "என்ற சைக்கிளு, என்ற சைக்கிளு" என்று முனகிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தது. முதலாளியும் ஆட்களும் அந்தப் பக்கமிருந்து ஓடி வந்தார்கள்.

வாசல் பக்கம் ஒரேசைஸ் நின்றுகொண்டிருந்தார். கணியூரில் விசாரித்து, தாராபுரம் போய், பிட்டர் புறப்பட்டுவிட்டார் என்று கேட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்தவர். மஞ்சள் பையை இன்னும் கீழே வைக்கவில்லை. முதல் வரிசையில் நின்ற சைக்கிளைப் பார்த்தார். துணிக்குள்ளிருந்து நீட்டிய கையில் இருந்த டோக்கனைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"இந்தச் சைக்கிள எவன்டா நவுத்துனது?" என்றார் முதலாளி.

நான் வாயைத் திறந்தேன்.

"நாந்தானுங்க" என்றார் ஒரேசைஸ். "ஊருக்குப் போறப்ப மாத்தி வெச்சுட்டுப் போயிட்டனுங்க. தப்பு என்னுது."

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். நகர்த்த மாட்டேன் என்று அன்றைக்குத் தன்னிடமே மல்லுக்கு நின்ற மனிதர் ஆயிற்றே. பிறகு என் பக்கம் திரும்பி, நான் தலை நிமிராமல் சேற்றில் கிடந்த துணிகளை எண்ணிக்கொண்டிருப்பதையும் பார்த்தார்.

"நீயா நவுத்துன?" என்று மறுபடி ஒரேசைஸைக் கேட்டார்.

"ஆமாங்க."

"சாமி சத்தியமா?"

"சத்தியம் எதுக்குங்க. நான் பொய் சொல்லி நீங்க பாத்திருக்கறீங்களா?"

முதலாளி மீசையைத் தடவினார். சிரிப்பை அடக்குகிறாரா கோபத்தையா என்று தெரியவில்லை. "வரிசை எனக்கு வந்திருச்சு. ஸ்டாண்டு உனக்கு இருக்கட்டும். துணிய மட்டும் மழைக்கு முந்தி அலசிப் போட்ருங்க. மூணு பேரும்" என்றார். மூணு பேரும் என்று அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார்.

பிட்டர் முதலில் ஸ்பேனர் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டு, பிறகு தொட்டியில் இறங்கினார். சாயங்காலம் வரை அலசினோம். கடைசித் துணியை ஒரேசைஸ் ஒரு முனையும் நான் ஒரு முனையுமாகப் பிடித்து முறுக்கிப் பிழிந்தோம். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அத்தனை நேரத்தில் அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவை.

"எண்ணறது தப்பில்லீங்க கண்ணு. மனசுக்குள்ள எண்ணிக்கோங்க."

அன்றிலிருந்து முக்கியமானவற்றை மனசுக்குள்தான் எண்ணி வருகிறேன். அதில் ஒரு கணக்கு, பிறத்தியார் செய்த தப்புக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல ஈரத் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எத்தனை பேர் என்பது. எனக்கு எழுபத்தொன்பது வயதாகிறது. கணக்கு இன்னும் ஒன்றைத் தாண்டவில்லை.