வாபஸ் சாரும் ஆரஞ்சு ஜாக்கெட்டும்

கலிபோர்னியாவில் பிளசன்டன் பக்கம் நான் பார்த்த தமிழர்களிலேயே, சொந்த வீட்டுக் கடிகாரத்தைக்கூட நம்பாத ஒரே மனிதர் வாபஸ் சார்தான். மைக்ரோவேவில் ஒரு தடவை, போனில் ஒரு தடவை, கையில் ஒரு தடவை மணி பார்ப்பார். மூன்றும் ஒரே நேரத்தைக் காட்டினால், மூன்றும் கூட்டுச் சேர்ந்துவிட்டன என்று முடிவு கட்டுவார். வெயில் அடிக்கும் என்று போன் சொன்னால் குடை எடுப்பார். ஜிபிஎஸ் அம்மையார் வலது பக்கம் திரும்பச் சொன்னால், "ஏன்?" என்று கேட்பார். அந்த அம்மையார் காரணம் சொல்லாததால் நேராகப் போவார்.

பெண் பார்க்கப் போன இடத்தில், கொடுத்த காபியை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாராம். சொன்னது அவர் மனைவி விஜயா அக்கா. "சக்கரை போட்டிருக்கேன்னு சொன்னேன் தம்பி. அதுக்கப்புறமும் ஸ்பூன் கேட்டார்."

சான்டா கிளாராவில் ஒரு கம்பெனியில் அவருக்கு டெஸ்டிங் வேலை. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பதற்கு அங்கே சம்பளம் கொடுத்தார்கள். வார இறுதியில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு வந்து அதே வேலையை இலவசமாகச் செய்தார்.

பெயர் வந்த கதை இது. தமிழ்ப் பள்ளி வாசலில் கார்களை ஒழுங்குபடுத்த, சங்கத்திடம் பளபளக்கும் ஆரஞ்சு ஜாக்கெட் ஒன்று உண்டு. பாஸ்கர் என்ற நண்பர் ஒரு சனிக்கிழமை அதை மாட்டிக்கொண்டார். அப்புறம் கழற்றவே இல்லை. பொங்கல் விழாவுக்குப் போட்டு வந்தார். ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கும் போட்டு வந்து, கேக் இருந்த மேஜைக்கு முன்னால் கூட்டத்தை இரண்டாகப் பிரித்து நிறுத்தினார். அடுத்த வருடம் அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தோம். ஜாக்கெட் போட்டிருந்தவர் அவர் ஒருவர்தானே!

ஆனால் அந்தப் பள்ளி வாசலில் ஒரு கார் மட்டும் வாரம் தவறாமல் நின்று போகும். கண்ணாடி இறங்கும். "பாஸ்கர், இந்த ஜாக்கெட் எப்போ வாபஸ்?"

மைக் பிடித்தவரிடமும் அதே கேள்விதான், அரங்கத்துச் சாவியை வாங்கியவரிடமும் அதே கேள்விதான். ஒரு தீபாவளி விழாவில் தொகுப்பாளர், "இந்த இடத்தில் நானே ஒரு பாட்டு" என்று ஆரம்பித்தபோது, கடைசி வரிசையிலிருந்து "மைக் எப்போ வாபஸ்?" என்று குரல் வந்தது. அன்று மட்டும் அரங்கமே கைதட்டியது.

இந்த வியாதி முற்றியது குடியுரிமைத் தேர்வின்போது. நாங்களெல்லாம் கேள்வி பதில்களை மனப்பாடம் செய்து, பாஸாகி, பார்க்கிங்கிலேயே மறந்துவிட்டு வந்தோம். இவரோ பதில்களைச் சந்தேகப்பட்டார். படைகளின் தலைமைத் தளபதி யார் என்றால் ஜனாதிபதி என்று சொல்லிவிட்டு வந்தால் போதும். இவர் வீட்டுக்கு வந்து, "அவருக்கு ஏன் அந்தப் பவரைக் குடுத்தாங்க?" என்று நூலகம் நூலகமாக ஏறி இறங்க ஆரம்பித்தார். பிறகு ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் தயிர் சாதத் தட்டோடு யார் தனியாக நின்றாலும் பாடம் தொடங்கிவிடும்.

"இந்த ஊர் முதல் ஜனாதிபதி ஒரு தளபதி, தெரியுமில்ல? சண்டை ஆரம்பிச்ச புதுசுல மீட்டிங் போட்டாங்க. எல்லாரும் சாதா டிரஸ்ல வந்தாங்க. இவர் மட்டும் யூனிஃபார்ம்ல வந்தார். யாரைத் தளபதியாக்குவாங்க, சொல்லுங்க." இந்த இடத்தில் அவர் கண் பாஸ்கரைத் தேடும்.

தேதி விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். அவர் சொன்னதையெல்லாம் வீட்டுக்கு வந்து சரிபார்ப்பேன். 1775-இல் அந்தத் தளபதி ராணுவ உடையில் வந்தது உண்மை. 1783 டிசம்பரில், ஜெயித்த கையோடு தளபதி பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பண்ணைக்குப் போனதும் உண்மை. ஒரு வருடத்தையாவது வாபஸ் சார் தப்பாகச் சொல்வார் என்று காத்திருந்தேன். ஏமாற்றம்தான்.

அப்படிப்பட்டவர் கையிலேயே முழு அதிகாரமும் வந்து விழுந்தது ஒரு அக்டோபர் மாதம்.

மலைப்பக்கம் தீ. ஊரெல்லாம் புகை. காற்று பலமாக அடித்ததால் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டார்கள். எங்கள் சங்கத்தில் எதை முடிவு செய்யவும் கூட்டம் போட வேண்டும், கூட்டம் போட இரண்டு வாரத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். தலைவர் பாஸ்கர் தங்கை கல்யாணத்துக்குச் சென்னை போயிருந்தார். அங்கிருந்து குரல் செய்தி அனுப்பினார், நாதஸ்வரத்தில் ஒன்றும் புரியவில்லை. வாட்ஸப் குழுவில் ஒருவர் இன்சுலின் கெட்டுப்போகும், ஐஸ் வேண்டும் என்றார். இன்னொருவர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பினார்.

அப்போது வாபஸ் சார் எழுதினார்: "அவசர காலத்தில் ஒருவரிடமே முழு அதிகாரத்தையும் ஒப்படைக்கலாம் என்று நம் விதிகளில் இருக்கிறது. அதை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது." இரண்டாவது வாக்கியத்தை யாரும் படிக்கவில்லை. முதல் வாக்கியத்துக்கே கட்டைவிரல்கள் குவிந்தன. விதி தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், அந்த ஒருவரும் அவரே ஆனார். பாஸ்கர் வீட்டிலிருந்து ஜாக்கெட் வந்து சேர்ந்தது.

நாங்கள் பயந்ததற்கு நேர்மாறாக நடந்தது. மாலைக்குள் மின்சாரம் வரும் என்று செய்தி வந்தது. அவர் நம்பவில்லை. காலையிலேயே பக்கத்து ஊர்களுக்கு ஆள் அனுப்பி ஐஸ் பெட்டிகளை நிரப்பிவிட்டார். ஃப்ரீவே திறந்திருக்கிறது என்றார்கள். அதையும் நம்பாமல் உள்தெரு வழியாகவே எல்லோரையும் அனுப்பினார். ஃப்ரீவேயை நம்பிப் போனவர்கள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

வீடு வீடாகப் போன் செய்து விசாரிப்பது என் பொறுப்பு. மகளைப் பார்க்க ஈரோட்டிலிருந்து வந்திருந்த ஒரு வயதான தம்பதி தனியாக இருந்தார்கள். மகள் வேலையாக டெக்ஸாஸ் போயிருந்தாள். "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க தம்பி, நீங்க சிரமப்படாதீங்க" என்றார் அந்த அம்மா. சரி, அவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று வாபஸ் சாரிடம் சொன்னேன்.

"யார் சொன்னா?"

"அவங்களேதான் சார்."

"வேண்டாம்னு எத்தனை தடவை சொன்னாங்க?"

"ஒரு தடவை."

"நம்ம ஆளுங்க சொல்ற முதல் வேண்டாம் கணக்குலயே வராது. வண்டிய எடுங்க."

போனோம். பெரியவர் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மூச்சு மெஷின், மின்சாரம் இல்லாமல் சும்மா கிடந்தது. அந்த அம்மா பழைய பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "வாங்க, காபி சாப்பிடறீங்களா" என்று கேட்டுவிட்டு, அடுப்பு எரியாது என்பது நினைவுக்கு வந்து அழ ஆரம்பித்துவிட்டார். ஆஸ்பத்திரியில், நல்ல நேரத்தில் கொண்டு வந்தீர்கள் என்றார்கள். பெரியவர் பிழைத்தார்.

மின்சாரம் வந்தது. புகையும் போயிற்று. ஆனால் ஜாக்கெட் மட்டும் திரும்பி வரவில்லை.

இந்தியக் கடையில் அவரைப் பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில் நின்றுகொண்டு, "கறிவேப்பிலைக்கு இந்தப் பக்கம் லைன்" என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். ஜனங்களும் சிரித்த முகத்தோடு வரிசையில் நின்றார்கள். விஜயா அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினார். "தம்பி, டிவி பாக்கும்போதும் போட்டிருக்கார். எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு." அந்த வீட்டில் வேறொருவர் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

எனக்கும் சந்தேகம்தான். அதற்கு ஏற்றாற்போல் சென்னையிலிருந்து திரும்பிய பாஸ்கர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். வாபஸ் சாரே தலைவராக இருக்கட்டும். அவசரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தலைவருக்கு எப்போதும் முழு அதிகாரம் என்று விதியை மாற்றிவிடலாம். தான் துணைத் தலைவராக இருந்துகொள்வதாகச் சொன்னார். பாஸ்கர் நல்லவர்தான். முன்மொழிந்தவர் அவர் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

பொதுக்கூட்டத்துக்கு வாபஸ் சார் என் காரில் வந்தார். ஜாக்கெட்டோடுதான். ஃப்ரீவே ஏறியதும் கேட்டுவிட்டேன். "சார், எப்போ வாபஸ்?"

ஜாக்கெட்டின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார்.

"முன்னெல்லாம் கடையில என்னைப் பாத்தா ஜனங்க அடுத்த வரிசைக்குப் போயிடுவாங்க. கவனிச்சிருக்கீங்களா?"

கவனித்திருக்கிறேன் என்றேன். அந்த அடுத்த வரிசையில் அப்பளம் எந்தத் தட்டில் இருக்கும் என்பதுவரை எனக்குத் தெரியும்.

"இப்ப தேடி வந்து பேசறாங்க. பசங்க 'ஹாய் அங்கிள்'னு ஓடி வர்றாங்க. எனக்கு இது ரொம்ப புடிச்சிருக்கு." பெல்ட்டை ஒரு தடவை இழுத்துச் சரிபார்த்தார். "அதான் பயமா இருக்கு."

கூட்டம் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில். குழந்தைகளுக்கான பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். பாஸ்கர் தீர்மானத்தைப் படித்தார். ஒரே கைதட்டல். ஈரோட்டுப் பெரியவர்கூட எழுந்து நின்று தட்டினார்.

வாபஸ் சார் முன்னால் போனார்.

"அந்தத் தளபதி கதைய எல்லார்கிட்டயும் பாதிதான் சொல்லியிருக்கேன். பாதியிலயே நீங்க தட்டை வைக்கப் போயிடுவீங்க. ஜனாதிபதிக்கு என்ன பவர்னு எழுத ஒரு ரூம்ல உக்காந்தாங்க. அந்த மீட்டிங்குக்குத் தலைமை யாரு? அவரேதான். ஜெயிச்சுக் குடுத்த மனுஷன் எதிர்ல உக்காந்திருக்கார், திருப்பிக் குடுக்கற மனுஷன்னும் தெரியும். எவனுக்குக் கஞ்சத்தனமா எழுத மனசு வரும்? தாராளமா எழுதினாங்க. அப்புறம் விஸ்கி வரிக்காக விவசாயிங்க கலகம் பண்ணப்ப, ஜனாதிபதியே படையோட குதிரை ஏறிக் கிளம்பினார். காரியம் முடிஞ்சதும் இறங்கிட்டார். சரி, அடுத்து ஏர்றவன் இறங்குவான்னு எந்த வரியில எழுதியிருக்கு? ஒருத்தர் உடம்புக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டையத்தான் அப்புறம் வந்த எல்லாரும் போட்டுக்கறாங்க. எனக்கு இந்தப் பவர் வேண்டாம்."

பாஸ்கர் சிரித்தார். "சார், முதல் வேண்டாம் கணக்குல வராதுன்னு நீங்கதான் சொன்னீங்களாம்."

கூடமே சிரித்தது. பாசமான சிரிப்புதான். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். முதலில் பேச்சுக்கு மறுத்துவிட்டு அடுத்த தடவை ஏற்றுக்கொள்வது எங்கள் எல்லோருக்கும் பழக்கமானது. ஏற்றுக்கொண்டிருந்தால் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள்.

"வேண்டாம்" என்றார்.

ஜாக்கெட்டைக் கழற்றினார். சட்டைகளை அடுக்குவதுபோல் நிதானமாக மடித்தார். மேஜைமேல் வைத்தார்.

"வேண்டாம் பாஸ்கர். மூணு ஆச்சு."

சிரிப்பு நின்றுவிட்டது. பாஸ்கர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், ஜாக்கெட்டைப் பார்த்தார். "தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார். வாபஸ் சார் கடைசி வரிசைக்குப் போய், குட்டி பெஞ்சின் கால் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்த வாரம் கடையில் கறிவேப்பிலைக்கு வரிசை இல்லை. இருந்தாலும் யாரும் அப்பள வரிசைக்கு ஓடவில்லை.

பிற்பாடு வேலை மாறி அவர்கள் டெக்ஸாஸ் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். இப்போது அந்த ஜாக்கெட்டைச் சனிக்கிழமைக்கு ஒருவர் போட்டு, அன்றே அலமாரியில் வைத்துவிடுகிறோம். கணக்கு சரி, தேர்தல் சரி, மைக்கைக்கூட நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். முதல் தடவை இதையெல்லாம் அப்படியே சொன்னேன். "எல்லாமே ஒழுங்கா நடக்குதா?" என்று கேட்டார். குரலே ஒடுங்கிப்போயிற்று.

அதிலிருந்து, அவர் போன் வருவதற்குள் நானே ஏதாவது ஒன்றை யோசித்து வைத்துக்கொள்கிறேன்.

"புதுத் தலைவர் அரங்கத்துச் சாவிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போறார் சார். எனக்கென்னமோ சந்தேகமாத்தான் இருக்கு."

"அப்படியா? விவரமா சொல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம், டெக்ஸாஸிலிருந்து நன்றாகவே கேட்கிறது.