மூன்றாம் அறை நோயாளி

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று அவர் முனகவும், மூலையிலிருந்த குழாய் டொப்பென்று சொட்டவும் சரியாக இருந்தது. கட்டிலருகே நின்ற முதலாம் ஆண்டு மாணவி அவரை விட்டுவிட்டுக் குழாயைப் பார்த்தாள்.

"வலி எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேட்டேனா சார்?"

"இன்னும் கேக்கல."

"சாரி. எப்ப ஆரம்பிச்சுது?"

"காலைல. மாடிப்படி ஏறும்போது."

டொப்.

"எங்க விட்டேன் சார்?"

"மாடிப்படியில."

அந்த மருத்துவக் கல்லூரியில் புதன்கிழமை காலை என்றால் இதுதான் வகுப்பு. எலும்பையும் நரம்பையும் படிக்கிற பிள்ளைகள் ஒரு நோயாளியிடம் பேசவும் பழக வேண்டுமே. வலி எங்கே, எப்போது, எப்படி, எங்கே பரவுகிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது. இந்த ஆறு கேள்விதான் மருத்துவத்துக்கே அரிச்சுவடி. அதற்காக நிஜ நோயாளியை இந்தப் பிள்ளைகளிடம் விட முடியாது, அவர் பாவம். ஆகவே நல்ல ஆரோக்கியமான ஆட்களைப் பிடித்து, ஆளுக்கொரு நோயை அட்டையில் எழுதிக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். ஒரே ஒரு விதி. கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும். தானாக ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

முதல் அறையில் ஒன்பது வருடமாக நெஞ்சுவலி இவருக்குத்தான். வீட்டில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. கல்லூரியில் அது யாருக்கும் தெரியாது, நெஞ்சுவலி சார் என்றால்தான் தெரியும். இரண்டாம் அறையில் தலைவலி அம்மா. மூன்றாம் அறையில் இருந்த வயிற்றுவலி போன மாதம் மகள் வீட்டோடு போய்விட்டார்.

வருடக் கடைசியில் தேர்வு. வெளியிலிருந்து பெரிய டாக்டர்கள் வருவார்கள். அன்றைக்கு முதல் கட்டிலில் படுக்கிற பாக்கியம் ஒருவருக்குத்தான். தேர்வு முடிந்ததும் அந்தப் பெரியவர்கள் நடுவில் அவரை உட்கார வைத்துப் புகைப்படம் எடுப்பார்கள். நெஞ்சுவலிக்காரர் வீட்டுக் கூடத்தில் அப்படி ஒன்பது படம் தொங்கியது. பத்தாவதற்கு ஆணிகூட அடித்தாகிவிட்டது.

டொப்.

"இந்தக் குழாயப் பத்தி போன வாரமே புகார்ப் புத்தகத்துல எழுதினேன்" என்று வகுப்பு முடிந்ததும் அட்டெண்டரம்மாவிடம் பாய்ந்தார். "கலை தெரிஞ்சவன் இங்க எப்படிப் படுக்கிறது?"

"ஆபீசுக்கு அனுப்பிட்டேன் சார்" என்றபடி அவர் அறையைப் பூட்டினார். பன்னிரண்டு அடித்தால் பூட்டிவிட வேண்டும், மறுபடி திறப்பது அடுத்த புதன்தான். அவரும் வீட்டுக்குப் போக வேண்டாமா.

அப்போதுதான் வராந்தாவில் பேராசிரியையின் குரல் கேட்டது. மூன்றாம் அறை வாசலில் மாணவர்களை நிற்க வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு மூணாவது ரூம்ல வந்திருந்தாரே, அவர்தான் அசல் நோயாளி மாதிரி இருந்தார். கேட்டதுக்கே பாதிதான் சொன்னார். வயிறுன்னு கேட்டா முட்டியச் சொன்னார். நிஜத்துல எல்லாரும் அப்படித்தான், முக்கியமானத மறைப்பாங்க. அவர்கிட்டருந்து விஷயத்த வாங்கக் கத்துக்கிட்டா நீங்க பாதி டாக்டர்."

ஒன்பது வருடத்தில் தன்னைப் பற்றி இந்த அம்மாள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நெஞ்சுவலிக்காரருக்கு வயிறு எரிந்தது.

அடுத்த புதன் தன் முறை வரும்வரை மூன்றாம் அறைக் கதவோரம் நின்றார். உள்ளே ஒட்ட வெட்டிய தலையோடு, கருத்து மெலிந்த ஓர் ஆள் கட்டிலில் விறைப்பாகப் படுத்திருந்தார். காலடியில் ஒரு துணிப்பை. கையில் கொடுத்த நோய் அட்டையைப் படித்துக்கூடப் பார்க்காமல் அந்தப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன பண்ணுது?" என்றான் மாணவன்.

"ஒண்ணும் பண்ணல."

"வலி எங்க இருக்கு?"

"வலியா?" அந்த ஆள் வெகுநேரம் விட்டத்தைப் பார்த்தார். "முட்டி லேசா வலிக்கும். குனிஞ்சு நிமிர்ற பொழப்பு."

"வயிறு?"

"சாப்பிட்டுட்டுதான் வந்தேன்."

மாணவன் வேர்த்துப்போய் எழுதினான். ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் பேராசிரியை மெய்மறந்து நின்றார்.

என்ன திமிர், அட்டையைப் படிக்கவே இல்லையே என்று நெஞ்சுவலிக்காரர் பொருமினார். வகுப்பு முடிந்து அந்த ஆள் கை கழுவப் போன சமயம் பையைக் காலால் நகர்த்திப் பார்த்தார். நகரவில்லை. அவ்வளவு கனம். முதலாம் ஆண்டுப் புத்தகங்கள்தான் இந்தக் கனம் கனக்கும் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ஆள் படித்துவிட்டு வருகிறான்.

திரும்பி வந்தவரிடம் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "தொழிலுக்குப் புதுசோ?" என்று கேட்டார்.

"இல்லீங்க. இருபது வருஷமாச்சு. எங்கப்பாவும் இதேதான்."

நெஞ்சுவலிக்காரருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"பரம்பரையா வலிக்குதாம் அவனுக்கு" என்றார் மனைவியிடம்.

"யாருக்கு?"

"மூணாவது ரூமுக்கு. வந்து ரெண்டு வாரம் ஆகல, அந்தம்மா அவனத் தலையில தூக்கி வச்சு ஆடுது. எனக்குப் பொறாமைன்னு நெனைக்காத."

"சேச்சே, நான் ஏன் நெனைக்கிறேன்" என்ற மனைவி, கூடத்துச் சுவரைப் பார்த்தாள். "அந்தப் பத்தாவது ஆணி சும்மாதான இருக்கு. என் பைய மாட்டிக்கட்டுமா?"

மறுநாளே பழைய புத்தகக் கடையில் ஒரு தலையணை சைஸ் உடற்கூறு நூலை வாங்கிவந்து படிக்க ஆரம்பித்தார். இதயத்துக்கு நான்கு அறை. தன் கல்லூரியில் மூன்றாம் அறை இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று படிக்கும்போதே தோன்றியது. வால்வுகளை மனப்பாடம் செய்தார். எந்த ரத்தக் குழாய் எங்கே பிரிகிறது என்று விரல்விட்டுச் சொன்னார். மனைவி கதவைச் சாத்திக்கொண்டாள்.

புதன்கிழமை வந்தது.

"வலி எங்க இருக்கு சார்?"

"மார்பெலும்புக்குப் பின்னாடி. இடது கொரோனரி தமனியோட முன் கிளையில அடைப்புன்னு நெனைக்கிறேன். அடுத்தது எங்க பரவுதுன்னு கேக்கணும். கேளும்மா."

"எங்க பரவுது?"

"இடது கை, உள்பக்கம். எழுதிக்க. அடுத்தது எதனால கூடுதுன்னு கேளு."

மாணவி ஏழே நிமிடத்தில் வெளியே வந்து, வெகு சுலபமாக இருந்ததாகத் தோழிகளிடம் சொன்னாள். பேராசிரியை உள்ளே வந்தார்.

"சார், நீங்க படிக்காத ஒரு பெயிண்டர்னு அட்டையில போட்டிருக்கு."

"ஆமா மேடம்."

"பெயிண்டருக்குக் கொரோனரி தமனி எப்படித் தெரியும்? அந்தப் பொண்ணுக்குப் பதிலா நீங்களே பரீட்சை எழுதிட்டீங்க. மூணாவது ரூம்காரரப் பாருங்க. மூணு வாரமாச்சு, அவர் வாயிலருந்து வயித்துவலிங்கற வார்த்தையே வரல."

டொப் என்றது குழாய். நெஞ்சுவலிக்காரர் நேரே போய்ப் புகார்ப் புத்தகத்தில் இரண்டாம் முறை எழுதினார். எழுத்து அழுத்தியதில் தாள் கிழிந்தது.

சரி, அவனைப் போலவே வாயைத் திறக்காமல் இருந்துவிடுவது என்று அடுத்த வாரம் முடிவெடுத்தார்.

"என்ன பண்ணுது சார்?"

"ஒண்ணும் பண்ணல."

"வலி ஏதாவது?"

"வலியா?" விட்டத்தைப் பார்த்தார். அங்கே ஒரு பல்லி இருந்தது. அதைப் பார்த்ததில் கேள்வி மறந்துவிட்டது.

"சார்?"

பதில் இல்லை. மாணவன் பயந்தாங்கொள்ளி. காதருகே குனிந்து, "சார், நான் பேசுறது கேக்குதா?" என்றான். விட்டத்தையே பார்த்தார். அவன் ஓடிப்போய் நண்பர்களைக் கூட்டிவந்தான். ஒருவன் விரலைச் சொடுக்கினான், ஒருவன் கண் இமையைத் தூக்கிப் பார்த்தான். கடைசியில் அத்தனை பேரும், நோயாளிக்குக் காது கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

"நெஞ்சுவலின்னு குடுத்தா காதுவலியா மாத்திட்டீங்களே" என்றார் பேராசிரியை. இந்த முறை கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. அதுதான் இன்னும் சுட்டது.

தலைவலி அம்மா ஆறுதல் சொல்ல வந்தார். "விடுங்க சார், அந்த மனுஷன் யாருன்னு எனக்கும் தெரியல. பேசிப் பாத்தேன். 'இன்னைக்காவது வேலைய முடிக்கணும்'னு மட்டும் சொன்னார்."

"வேலைய முடிக்கணும்னா? யார் வேலைய? என் வேலையத்தான்" என்றார் நெஞ்சுவலிக்காரர்.

மேலும் மூன்று புதன்கிழமை இப்படியே போயின. தேர்வுக்கு இரண்டே வாரம் இருந்தது. பேச்சில் அவனை வெல்ல முடியாது. அப்படியானால் உடம்பால் வெல்ல வேண்டும். வேர்வையைக் காட்ட வேண்டும், மூச்சு இரைய வேண்டும். எட்டாவது புதன்கிழமை வகுப்பு தொடங்கக் கால்மணி இருக்கையில் மூன்று மாடி ஏறி இறங்கினார். போதாது என்று தோன்றியது. மறுபடி ஏறினார். அந்த உடம்போடு தொப்பென்று கட்டிலில் விழுந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, உதடு வெளுத்திருந்தது.

மாணவி நாடியைத் தொட்டாள். போன வாரம்தான் நாடி பார்க்கக் கற்றிருந்தாள். வாய்க்குள் எண்ணினாள், எண்ண எண்ண முகம் மாறியது.

"சார், நடிக்கிறீங்களா, நெசமாவா?"

அட்டையில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. தவிர, மூச்சும் இல்லை. கையை ஆட்டினார். அவள் அலறிக்கொண்டு ஓடினாள்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. ஸ்ட்ரெச்சர் வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார், ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்து மூடினார்கள். வராந்தா முழுக்க மாணவர்கள் பார்க்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் அறையைத் தாண்டும்போது அந்த ஆள் கட்டிலிலிருந்து எட்டிப்பார்த்து, "ஐயோ பாவம், யாருங்க அது?" என்று கேட்டது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. இசிஜி எடுத்தார்கள். இருபது வயதுப் பையனின் இதயம் என்றார்கள்.

பேராசிரியை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்பது வருஷம் உழைச்சிட்டீங்க. இந்த வருஷம் பரீட்சைக்கு நீங்க வர வேணாம். ரெஸ்ட் எடுங்க. முதல் கட்டில்ல மூணாவது ரூம்காரரப் போட்டுக்கிறேன்."

அவருக்கு நெஞ்சு வலித்தது. நிஜமாகவே வலித்தது. சொன்னால் யார் நம்பப் போகிறார்கள் என்று சொல்லாமல் எழுந்துவிட்டார்.

சட்டையை எடுக்க முதல் அறைக்கு வந்தபோது வகுப்பு முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். அட்டெண்டரம்மா சாவிக்கொத்தோடு வாசலில் காத்திருந்தார். உள்ளே அதே குழாய். டொப். ஒன்பது வருடம் படுத்த கட்டிலைப் பார்த்தார், கண் கலங்கியது. கூடத்து ஆணியில் இந்நேரம் மனைவியின் பை தொங்கும்.

கலக்கம் போய்க் கோபம் வந்தது. மேஜைமேல் இருந்த புகார்ப் புத்தகத்தை இழுத்து மூன்றாம் முறையாக, கடைசி முறையாக, பக்கம் முழுக்க எழுதினார். இந்தக் கல்லூரியில் திறமைக்கும் மதிப்பில்லை, தண்ணீருக்கும் மதிப்பில்லை என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

"எல்லாத்துக்கும் காரணம் இந்தக் குழாய்தாம்மா. இதுதான் முதல்ல என் கவனத்தக் கலைச்சது. எட்டு வாரமா எழுதுறேன். சரி பண்ண ஒரு ஆள அனுப்ப உங்க ஆபீசுக்கு நாதியில்லையா?"

அட்டெண்டரம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஆள் மொத வாரமே வந்துட்டாரு சார். மேடம்தான் அவர மூணாவது ரூம்ல படுக்க வச்சு எழுந்திரிக்கவே விட மாட்டேங்கிறாங்க."