டங் சார் தட்டாதது எதுவுமில்லை

உலகத்தில் உள்ள எல்லாப் பொருளுக்குள்ளும் ஒரு விரிசல் ஒளிந்திருக்கிறது என்று நம்பிய ஒரே மனிதர், எங்கள் கொல்லைக் கொட்டகையில் குடியிருந்த டங் சார்தான். திண்டுக்கல்காரன் பூட்டை இழுத்துத் தொங்கிப் பார்த்துவிட்டாவது நம்புவான். இவர் அந்தப் பூட்டையே விரலை மடக்கித் தட்டி, காதை வைத்துக் கேட்பார். 'டங்' என்றால் தேறியது. 'டொக்' என்றால் முகம் சுருங்கிவிடும். சொந்தப் பெயரை வாடகைக்கு வந்த அன்று ஒருமுறை சொன்னார். பிறகு யாருக்கும் அது தேவைப்படவில்லை.

கொட்டகை பார்க்க வந்தவர் சுவரைத் தட்டினார், தூணைத் தட்டினார், கதவைத் தட்டினார். குடிக்கத் தண்ணீர் கேட்டவர், என் மனைவி அருள்மேரி செம்பை நீட்டுவதற்குள் அடுப்படி மண்பானையையும் தட்டிவிட்டார்.

"அக்கா, இது விரிஞ்சிருக்கு. ரொம்ப நாள் தாங்காது."

மறுவாரம் பானை பிளந்து அடுப்படியெல்லாம் தண்ணீர்.

"விரிசலக் கண்டுபிடிச்சாரா, இல்ல தட்டித் தட்டி அவரே உடைச்சாரா?" என்றாள் அருள்மேரி. எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஆளுக்குப் பூர்வீகம் வேடசந்தூர்ப் பக்கம். அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. இவர் சென்னைக்குப் போய் ஓவியம் படித்தார். எதை வரைந்து காட்டினாலும் எல்லோரும் "சூப்பர்" என்றார்கள். அதுவே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது.

"அம்புட்டுப் பேரும் எப்படி சார் ஒரே மாதிரி சொல்லுவாங்க? பானைன்னா தண்ணி ஊத்துனதும் உண்மை வெளிய வந்துரும்ல?" தூரிகையைப் போட்டுவிட்டு மண் பிசையப் போய்விட்டார்.

போன இடத்தில் கற்றுக்கொடுத்த அம்மாள் இவருக்கும் மேல். இவர் வனைந்ததையெல்லாம் ஈரம் காயும் முன்னே கம்பியால் நேர்பாதியாக அறுத்து, உள்சுவர் ஒரே கனமாக இருக்கிறதா என்று பார்ப்பாராம். ஒரு வருஷம் இவர் செய்த எதுவும் உயிர் பிழைக்கவில்லை. அந்தப் பழக்கம் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. வடையைப் பாதியாகப் பிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

"ஏண்ணே, வடைக்கு எதுக்குண்ணே போஸ்ட்மார்ட்டம்?" என்பார் கடைக்காரர்.

"இந்தப் பக்கம் கனம் கூடிப்போச்சு தம்பி."

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சாம்பல் வந்ததும் தெருவில் சிரிப்பு நின்றது. நிலக்கோட்டையிலிருந்து வேனில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. மல்லிகைச் செடியைக் கவாத்து பண்ணி வெட்டிப்போட்ட குச்சிகளை எரித்த சாம்பலாம். கரைத்து ஜாடியில் பூசிச் சுட்டால் உருகிக் கண்ணாடி மாதிரிப் படியுமாம். பூ வருகிற ஊரிலிருந்து ஒரு மனிதர் சாம்பல் வாங்குகிறார் என்றால் யார் நம்புவார்கள்? எதிர்வீட்டு மிலிட்டரிக்காரர் ஒரு மூட்டையை அவிழ்த்து மோந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மல்லிகை வாசமே இல்லையே, வாத்தியாரே!"

அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. தெருவின் கீழ்க்கோடியில் அது சுடுகாட்டுச் சாம்பல் என்று முடிவானது. மேல்கோடியில் ஏதோ கஞ்சா விவகாரம் என்றார்கள்.

கொட்டகைக்குள் தானே கட்டிய சூளையில் டங் சார் முதன்முறையாகத் தீ மூட்டினார். பகல் முழுக்கப் புகை. மறுநாள் காலையில் தெருவே எங்கள் கொல்லையில் திரண்டுவிட்டது.

"சூளையத் தொறக்கச் சொல்லுங்க. இல்லன்னா இந்தாள இன்னைக்கே காலி பண்ணச் சொல்லுங்க" என்றார் மிலிட்டரிக்காரர் என்னிடம்.

செங்கல் அடுக்கி மண் பூசிய சூளைவாய்க்கு முன்னால் டங் சார் போய் நின்றுகொண்டார். "இப்பத் தொறந்தா குளிர்காத்துப் பட்டு அம்புட்டும் வெடிச்சிரும்ணே. நாளைக்குக் காலைல ஆறிரும்."

உள்ளே இருந்தது ஒரு வருஷத்து உழைப்பு. திறந்தால் அது போச்சு, திறக்காவிட்டால் கொட்டகை போச்சு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் உள்ளே எட்டிப்பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது.

"உள்ள என்னதான்ப்பா இருக்கு? சத்தியமாச் சொல்லு" என்றார் மிலிட்டரிக்காரர்.

டங் சார் யோசித்தார். "சத்தியமாத் தெரியலண்ணே. வச்சது தெரியும். என்னவா ஆகியிருக்குன்னு எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு."

சொல்லிவிட்டு, கூட்டாளிகள் கிடைத்த சந்தோஷத்தில் நாற்காலிகளை இழுத்துவந்து போட்டார். "சந்தேகப்படுறது நல்லதுண்ணே. செத்த நேரம் உக்காருங்க." குற்றவாளி நாற்காலி போட்டு மிலிட்டரிக்காரர் பார்த்ததே இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக் காலை வரைக்கும் சூளையில யாரும் கை வைக்க வேண்டாம்" என்று நான் சொல்லிவிட்டேன். மிலிட்டரிக்காரர் தன் வீட்டுப் பூட்டைக் கொண்டுவந்து கொட்டகைக்குப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். டங் சார் போய் அந்தப் பூட்டைத் தட்டிக் கேட்டார். டங்.

மறுநாள் காலை செங்கற்களை ஒவ்வொன்றாக உருவினார். உள்ளே, வெளிர்பச்சையில் மினுமினுவென்று ஜாடிகள். வேறெதுவும் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டினார். டங். டங். ஒன்று 'டொக்' என்றது. "ஐயையோ!" என்று கத்தியது மிலிட்டரிக்காரர்தான். அடுத்த ஜாடியை அவரே வாங்கித் தட்டினார்.

கடைசி ஜாடியை எடுத்த டங் சார், துண்டால் துடைத்து அப்படியே என் கையில் கொடுத்தார்.

"இதத் தட்டலையே?" என்றேன்.

"இது உங்களுக்கு, சார். தட்ட வேணாம்."

இப்போது ரெட்டியார்சத்திரம் பக்கம் சொந்தமாகப் பெரிய சூளை கட்டியிருக்கிறார். எங்கள் தெரு இன்னும் இளநீரிலிருந்து கேஸ் சிலிண்டர் வரை தட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறது. அவருடைய ஜாடி எங்கள் முன்னறையில் இருக்கிறது. வருகிறவர்கள் விரலை மடக்கினால் ஓடிப்போய்த் தடுப்பேன். அதில் விரிசல் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நானும் தட்டிப் பார்த்ததில்லை.