தண்ணீர்ப் பூங்காவுக்குப் போன சஹன்

என் வாப்பாவைப் பார்த்து நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் கத்தியிருக்கிறேன். அதை வீட்டுக்குள் வைத்துக் கத்தியிருந்தால் அத்தோடு போயிருக்கும். நான் கத்தியது ஒரு தண்ணீர்ப் பூங்காவின் சாப்பாட்டு மண்டபத்தில், நூறு பேர் பார்க்க, கையில் சோற்றுக் கரண்டியோடு.

தீம் பார்க்குக்குப் போகிறவர்கள் சறுக்கு விளையாடப் போகிறார்கள் என்று நினைப்பது விளம்பரம் போடுகிறவர்களின் அப்பாவித்தனம். எங்கள் ஆட்கள் சாப்பாட்டுக்குத்தான் போகிறார்கள். வாடகை வான் பேசும்போதே கேட்கிற முதல் கேள்வி "பகலைக்கு என்ன?" என்பதுதான். சறுக்கில் வழுக்கி விழுந்து கை முறிந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். பகல் சாப்பாடு சரியில்லை என்றால் அந்தப் பயணத்தைப் பேரப்பிள்ளைகள் காலம்வரை சொல்லிக்காட்டுவார்கள். நானும் அந்த இரத்தம்தான். ஆனால் அந்தப் பயணத்தில் எனக்கிருந்த பசி வேறு.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் வாப்பாவின் பொய்யைச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்கள் எங்கள் வீட்டார். நான் பிறந்ததே புத்தளத்தில், முகாமில், ஒரு கிடுகுக் கொட்டிலில். வாப்பா பாலாவிப் பக்கம் உப்பளத்தில் கூலிக்குப் போவார். பொழுதுபட வந்து வாசலில் காலைக் கழுவுவார். உம்மா சோற்றுப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு அவரைப் பார்ப்பார். வாப்பாவும் பானையை ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். பிறகு சொல்வார்: "நான் வழியில சாப்பிட்டுட்டன். நீங்க சாப்பிடுங்க."

நான் அதை நம்பினேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு வேறென்ன தெரியும்? வாப்பா போகிற வழியில் பெரிய சாப்பாட்டுக் கடை ஒன்று இருக்கிறது, எங்களை விட்டுவிட்டுத் தனியாகத் தின்றுவிட்டு வருகிறார் என்று அவர்மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது. (இதை எழுதும்போதே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.) ஒரு நாள் தண்ணீர் குடிக்கக் கொட்டிலுக்குப் பின்னால் போனேன். வாப்பா குந்தியிருந்து வெறும் பானையின் அடிச்சோற்றை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு காலம் மாறியது. தில்லையடியில் கல் வீடு கட்டினோம். ராத்தாவுக்கு (எனக்கு மூத்தவள்) கல்யாணம் ஆனது. தம்பி வேலைக்குப் போனான். எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. வீட்டில் சோறு மிஞ்சிக் கோழிக்குப் போட்டோம். வாப்பாவின் பொய் மட்டும் மாறவேயில்லை. எல்லாரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, குசினியில் நின்றபடி, சட்டியில் மிச்சமிருப்பதை நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார். கூப்பிட்டால் "நான் சாப்பிட்டுட்டன் மகள்." கல்யாண வீட்டில்கூடப் பரிமாறுகிறேன் என்று நழுவிவிடுவார். அவர் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அதை ஒரு தடவை என் கண்ணால் பார்க்க வேண்டும். இருபத்துநாலு வயதில் எனக்கிருந்த ஆசை அது ஒன்றுதான்.

சிலாபத்துக்கு அங்காலே கடற்கரையோரம் புதிதாக ஒரு தண்ணீர்ப் பூங்கா திறந்திருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். டிக்கெட்டோடு பகல் சாப்பாடும் சேர்த்தி. பஃபே. எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுச் சாப்பிடலாம், முடிய முடியக் கொண்டுவந்து நிரப்புவார்கள். அதைக் கேட்டதும் என் மண்டைக்குள் பல்ப் எரிந்தது. முடியாத பானைக்கு முன்னால் வாப்பா என்ன பொய் சொல்வார்?

திட்டம் போட்டேன். நோன்புப் பெருநாள் முடிந்து எட்டாம் நாள் பயணம். ஏன் எட்டாம் நாள்? பெருநாளுக்கு மறுநாளிலிருந்து ஆறு நாள் சுன்னத்து நோன்பு (கட்டாயமில்லாதது) பிடிப்பது வாப்பாவின் வழக்கம். அது ஏழாம் நாளோடு முடிந்துவிடும். எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள். எனக்கு அந்தக் கிழமை நோன்பில்லை, அதனால் சஹர் சாப்பாட்டுக்கு யாரும் என்னை எழுப்பவுமில்லை. வீட்டில் விடியுமுன் யார் எழும்பினார்கள், யார் தேத்தண்ணீர் ஊற்றினார்கள் என்று ஒன்றும் தெரியாமல் கும்பகர்ணத் தூக்கம்.

கெட்டிக்காரத்தனம் அதோடு நிற்கவில்லை. வீட்டுச் சஹனையும் கழுவித் துடைத்துப் பையில் வைத்தேன். சஹன் என்றால் ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கை போட்டுச் சாப்பிடுகிற பெரிய வட்டத் தட்டு. வாப்பா, உம்மா, ராத்தா, மச்சான், தம்பி, நான். சரியாக ஆறு பேர். தனித்தனிப் பீங்கானில் போட்டால் வாப்பா கரண்டியில் ஒட்டியதை வைத்துக்கொண்டு ஒப்பேற்றிவிடுவார். சஹனில் பக்கத்தில் இருப்பவரின் கை எத்தனை தடவை வாய்க்குப் போகிறது என்று எண்ணலாம்.

ராத்தா பையைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏன்டி, குளிக்கப் போறமா, கந்தூரிக்குப் போறமா?" என்றாள்.

"நீ வாயை மூடிக்கொண்டு வானில ஏறு," என்றேன்.

மாதம்பை தாண்டும்போதே மழை பிடித்துவிட்டது. பூங்காவுக்குள் நுழைந்தபோது வானமும் கடலும் அழுக்குத் தண்ணீர் நிறம். அலைக்குளத்தில் அலை இல்லை. மின்னல் என்று ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள். மச்சான் மட்டும் ஆசைப்பட்டுப் பெரிய சறுக்கில் ஏறினார். அவர் பாதி வழி வந்தபோது தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். பாவம் மனுஷன், நூறு கிலோ உடம்பை வைத்துக்கொண்டு, காய்ந்துபோன குழாய்க்குள் குந்திக் குந்தி நகர்ந்து கீழே வந்து சேர இருபது நிமிஷம் ஆனது. கீழே நின்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். வாப்பா தகரக் கூரைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் நம்பர் துண்டு எடுத்துக் காத்திருப்பவர் மாதிரி இருந்தார். இடையில் நான் நீட்டிய தேத்தண்ணீரையும் வேண்டாம் என்றார். என் கெட்ட புத்திக்கு அப்போதும் உறைக்கவில்லை. மழை பெய்தால் என்ன, எனக்குப் பகல் சாப்பாடு வந்தால் போதும் என்று இருந்தேன்.

வந்தது. மஞ்சள் சோறு, கோழி, மீன் பொரியல், பருப்பு, கத்தரிக்காய் மோஜு, கடைசி மேசையில் வட்டிலப்பம். நான் பையிலிருந்து சஹனை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன்.

பரிமாறுகிற பெடியன் அதைப் பார்த்தான். "மிஸ், மே மொகக்த?" (இது என்ன?)

"பிங்கான," என்றேன். "லொகு பிங்கான." (பீங்கான்தான். பெரிய பீங்கான்.)

அவன் முகாமையாளரைக் கூட்டி வந்தான். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு பீங்கான் என்பதுதான் சட்டமாம். எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டி, ஆறு டிக்கெட் இருக்கிறது, ஆறு பீங்கான்தான் இப்படி ஒன்றாகச் சேர்ந்து நிற்கிறது என்று விளங்கப்படுத்தினேன். பின்னால் வரிசை வாசல்வரை நீண்டுவிட்டது. அந்த மனுஷன் தலையில் கையை வைத்துக்கொண்டு போட்டுக்கொள்ளச் சொன்னார். நான் ஒரு குன்று கட்டினேன். தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்து மேசையில் வைத்தோம். மண்டபமே பார்த்தது.

"வாங்க வாப்பா. பிஸ்மி சொல்லி நீங்கதான் முதல் கை போடணும்."

வாப்பா சஹனை எட்டிப் பார்த்தார். சுற்றியிருந்த எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"நான் சாப்பிட்டுட்டன் மகள். நீங்க சாப்பிடுங்க."

கையிலிருந்த கரண்டியை உயர்த்தியபடி எழும்பி நின்றேன்.

"பொய் சொல்லாதீங்க வாப்பா!"

அத்தோடு நிறுத்தினேனா? இல்லை. "எங்க சாப்பிட்டீங்க? எந்தக் கடையில? உப்பளத்தில என்ன கடை இரிந்த? நான் சின்னப் பிள்ளையில இரிந்து பாக்கிறன், ஒவ்வொரு நாளும் இந்தப் பொய்தான்! நீங்க பட்டினி கிடந்து போட்ட சோறு எங்களுக்குத் தொண்டையில நிக்கிது வாப்பா! இங்க சோறு முடியாது, பாருங்க, எவ்வளவு இரிக்கி எண்டு பாருங்க!" உம்மா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். ஊரார் முன்னால் கத்தாதே என்கிறார் என்று நினைத்து இன்னும் சத்தத்தைக் கூட்டினேன். உம்மா இன்னும் பலமாக மிதித்தார். (பெருவிரல் நகம் கறுத்து விழுந்தேவிட்டது.) தமிழ் விளங்காதவர்கள்கூட எழும்பி நின்று பார்த்தார்கள்.

வாப்பா சேர்ட் கையை மடித்துக்கொண்டு போய்க் கையைக் கழுவி வந்தார். உட்கார்ந்தார். பிஸ்மி சொன்னார். சாப்பிட்டார்.

சும்மா சாப்பாடா அது! குனிந்த தலை நிமிராமல், பிசைந்து பிசைந்து, கோழி எலும்பைக் கடித்து உறிஞ்சி, நான் தள்ளித் தள்ளி வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். வட்டிலப்பம் இரண்டு துண்டு. எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. போனில் படமும் எடுத்தேன். போரில் வென்றவள் மாதிரி எல்லாரையும் பார்த்தேன். உம்மா மட்டும் ஒரு வாய்கூட எடுக்கவில்லை.

வாப்பா கை கழுவப் போனதும் உம்மா சொன்னார்: "உங்கட வாப்பா இண்டைக்கு நோன்புடி."

"என்ன?"

"நடுவில ஒரு நாள் காய்ச்சலெண்டு விட்டுட்டார். ஆறாவது நோன்பு இண்டைக்குத்தான். சஹருக்கு ரெண்டு துண்டு பாணும் தேத்தண்ணியும் நான்தானே குடுத்தன்."

நான் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தேன். "நாளைக்குப் பிடிச்சிருக்கலாம்தானே உம்மா? இண்டைக்குத்தானா பிடிக்கணும்?"

"நானும் அதத்தான் கேட்டன். ஆறு பேருக்கும் பத்தாமப் போனா என்ன செய்யிற எண்டார். தான் நோன்பெண்டா நாங்க அஞ்சு பேரும் வடிவாச் சாப்பிடலாமாம்."

"பஃபேல எப்பிடி உம்மா பத்தாமப் போகும்? போட்டுக்கொண்டே இருப்பாங்கதானே!"

"அது உனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா?"

மச்சான், பாவம், எனக்கு ஆறுதல் சொன்னார். சுன்னத்தான நோன்புதானாம், விருந்து வைக்கிறவர்களின் மனம் நோகும் என்றால் விடலாமாம், பாவமில்லையாம். என் மனம் நோகக்கூடாது என்றுதான் அந்த மனுஷன் வாய் திறக்காமல் நோன்பை விட்டிருக்கிறார். நான் இத்தனை வருஷப் பொய்யைப் பிடித்துவிட்டேன் என்று கத்திய அன்றுதான் அவர் உண்மையிலேயே சாப்பிடக் கூடாத நாள். நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதேன். சாப்பாட்டில் ஏதோ குறை என்று நினைத்து முகாமையாளர் ஓடிவந்தார். கையோடு இன்னொரு தட்டு வட்டிலப்பம்.

அந்த நேரம் பார்த்து வாப்பா கைலேஞ்சியால் வாயைத் துடைத்தபடி வந்தார். அழுகிற என்னைப் பார்த்தார், வழித்தெடுத்த சஹனைப் பார்த்தார். முகம் வாடிப்போனது.

"ஏன் மகள் அழுறீங்க?" என்றார் மெதுவாக. "பத்தல்லையா?"

திரும்பி வரும் வழியெல்லாம் மழை. மறுநாள் வாப்பா விட்ட நோன்பைப் பிடித்தார். அதற்கு மேல் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

மற்றவர்கள் விடுவார்களா? எங்கள் குடும்பத்தில் அன்றிலிருந்து யாராவது "நான் சாப்பிட்டுட்டன்" என்றால் போதும், சின்னது பெரிசு எல்லாம் கோரஸாகக் கத்தும்: "பொய் சொல்லாதீங்க வாப்பா!" ராத்தாவின் கைப்பிள்ளை பாலை வேண்டாம் என்று தலையைத் திருப்பினாலும் இதே கத்தல்தான். கல்யாண வீடுகளில் சஹன் வைத்தால் மச்சான் என் காதருகே வந்து, "முதல்ல நோன்பா எண்டு கேட்டுப் பார்," என்பார். வாப்பாவும் சிரிப்பார். அடுத்த வருஷத்திலிருந்து அவர் ஆறுக்குப் பதில் ஏழு நோன்பு பிடித்தார். ஏழாவதுக்கு வீட்டில் "பஃபே நோன்பு" என்று பெயர்.

வாப்பா திருந்தவில்லை. இப்போதும் கடைசியில், குசினியில், நின்றபடிதான் சாப்பாடு.

இப்போது சீனி வருத்தம் (சர்க்கரை நோய்) கூடி, நோன்பே பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் போன பெருநாளுக்குப் பிறகு ஏழையும் நான் பிடித்தேன். (அவருக்குப் பதிலாகப் பிடிக்க முடியாது என்று மச்சான் மார்க்கம் சொன்னார். என் கணக்கில்தான்.) ஏழாவது அன்று சஹருக்கு எழும்பாமல் அயர்ந்து தூங்கிவிட்டேன். ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சஹருக்குச் சாப்பிட்டீங்களா மகள்?"

"சாப்பிட்டுட்டன் வாப்பா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. வாப்பா என்னையே பார்த்தார். அந்தப் பொய்யை அவரைவிட அறிந்தவர் யார்? பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்: "பொய் சொல்லாதீங்க மகள்!"

வீடே சிரித்தது. மஃரிப் பாங்கு சொன்னதும் அவர் கையாலேயே பேரீச்சம்பழம் தந்து, கஞ்சி ஊற்றி, நான் குடித்து முடிக்கும்வரை எதிரே இருந்தார். இன்னொரு தடவை ஊற்றினார். அதையும் குடித்தேன். பிறகு பானையைச் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பத்தினதா மகள்?"

"பத்தினது வாப்பா."

அதற்குப் பிறகுதான் தனக்கும் ஊற்றிக்கொண்டார்.